ஹம்சஃபர்

ஹம்சஃபர், பாகிஸ்தானின் ஹம் டிவி 2011 செப்டம்பர் 24 முதல் 2012 மார்ச் 3 வரை சனிக்கிழமைகளில் ஒளிபரப்பிய உருதுத் தொலைக்காட்சித் தொடர். ஃபர்ஹத் இஷ்தியாக் இதே பெயரில் எழுதிய நாவல்தான் இதற்கு மூலம். திரைக்கதையையும் அவரே எழுதினார். சர்மத் கூசட் இயக்கினார், மோமினா துரைத் தயாரித்தார். அஷராக ஃபவாத் கானும் கிரதாக மாஹிரா கானும் நடித்த இத்தொடர் 23 அத்தியாயங்களில் முடிந்துவிட்டது. காதல் தொடர் என்றே எங்கும் வகைப்படுத்தப்படுகிறது. ஆனால் கதையைக் கூர்ந்து பின்தொடர்ந்தால், ஒரு மனைவியின் சொல் அவள் புகுந்த வீட்டில் எவ்வளவு செல்லுபடியாகும் என்ற கேள்விதான் அதை முதலிலிருந்து கடைசிவரை இழுத்துச் செல்கிறது என்று தெரியும். தொடரின் பலம், குறை இரண்டுக்கும் வேர் அந்தக் கேள்விதான்.

கதையின் எலும்புக்கூடு எளிமையானது. சிந்து மாகாணத்து ஹைதராபாத்தில் தாய் மைமூனாவுடன் வாழும் கிரத், கணிதம் படித்த நடுத்தரக் குடும்பத்துப் பெண். தாய் புற்றுநோயால் சாகக் கிடக்கிறாள். தன் கண் மூடுமுன் மகளுக்கு ஒரு பாதுகாப்பு வேண்டும் என்று கராச்சியில் வசதியாக வாழும் அண்ணன் பசீரத் ஹுசைனிடம் கேட்கிறாள். அவர் தன் மகன் அஷரைக் கிரதுக்கு மணமுடித்து வைக்கிறார். விருப்பமில்லாமல் தொடங்கும் இந்தத் திருமணம் மெல்ல அன்பாகக் கனிகிறது. அஷரின் தாய் ஃபரீதாவுக்கு இந்த மருமகள் பிடிக்கவில்லை. சிறுவயதிலிருந்தே அஷரை விரும்பிய சாராவுக்கோ தாங்க முடியவில்லை. பசீரத் இறந்ததும் வீட்டில் கிரதுக்காகப் பேச ஆளில்லாமல் போகிறது. பல்கலைக்கழகத்தில் அவளோடு பழகிய கிசர் என்ற இளைஞனை வைத்து ஃபரீதா ஒரு பொறி வைக்கிறாள். இருவரையும் ஒன்றாகப் பார்க்கும் அஷர், மனைவி பேச வாயெடுப்பதற்குள் தீர்ப்பை எழுதிவிடுகிறான். கருவுற்றிருந்த கிரத் வீட்டைவிட்டுத் துரத்தப்படுகிறாள். ஆண்டுகள் கழித்து, இதய நோயுள்ள மகள் ஹரீமின் சிகிச்சைக்காக அவனிடம் திரும்பி வருகிறாள்.

இந்தக் கதையில் புதிதாக எதுவும் இல்லை என்பது முதல் ஆட்சேபம். மாமியார் சூழ்ச்சி, களங்கம் கற்பிக்கப்பட்ட மருமகள், காலம் கடந்து தெரியவரும் உண்மை ஆகிய அனைத்தும் துணைக்கண்டம் முழுவதும் அரைத்த மாவு என்பார்கள். உண்மைதான். ஆனால் ஹம்சஃபர் எதை ஒளிக்கிறது, எதை ஒளிக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சூழ்ச்சி செய்வது யார் என்பது பார்வையாளருக்கு முன்கூட்டியே தெரியும். ஃபரீதா திட்டமிடுவதை நாம் பார்த்தாயிற்று. கிரத் குற்றமற்றவள் என்பதில் ஒரு நொடிகூடச் சந்தேகம் எழுவதில்லை. ஆகவே மர்மம் என்று எதுவும் மிஞ்சவில்லை. மிஞ்சுவது ஒன்றே ஒன்று: இவன் எப்போது அவளிடம் கேட்பான்? வாரக்கணக்கில் பார்வையாளரைக் கட்டிப்போட்டது இந்த எதிர்பார்ப்புதான். இது உருது டைஜெஸ்ட் இதழ்களில் வளர்ந்த நாவல் மரபின் கைவேலை. கவாத்தீன், ஷுஆ, கிரண் போன்ற மாத இதழ்களில் பெண்கள் பெண்களுக்காக எழுதிய தொடர்கதைகளில், நாயகியின் மனம் வாசகிக்குத் திறந்த புத்தகம்; நாயகனுக்கு மட்டும் அது மூடியிருக்கும். வாசகி சாட்சியாகவே கதைக்குள் உட்கார்ந்திருப்பாள். இலக்கிய வட்டங்கள் இந்த எழுத்தை நெடுங்காலம் ஒதுக்கியே வைத்திருந்தன. ஆனால் அந்த மரபின் பலத்தை ஹம்சஃபர் அளவுக்குத் துல்லியமாகத் திரைக்குக் கொண்டுவந்த தொடர்கள் அதிகமில்லை.

இதற்குச் சிறந்த சான்று கடிதம். வெளியேற்றப்பட்ட கிரத், நடந்ததையும் தான் தாயாகப்போவதையும் எழுதி அஷரிடம் சேர்ப்பிக்கிறாள். அவன் அதைப் பிரிக்கவே இல்லை. கிழித்துப் போட்டிருந்தால் அது கோபம். படித்துவிட்டு நம்பாமல் விட்டிருந்தால் அது சந்தேகம். பிரிக்காமல் வைத்திருப்பது இரண்டையும்விடக் கொடியது, ஏனென்றால் அங்கே அவளுடைய சொல் பொய்யா மெய்யா என்று சோதிக்கவே அருகதையற்றதாகிவிடுகிறது. பிற்பாடு அவன் அதைப் படித்து உடைந்துபோகும் காட்சியை சர்மத் கூசட் அவசரப்படாமல் எடுத்திருக்கிறார். அந்தக் காகிதத்தில் உள்ள எதுவும் நமக்குப் புதிய செய்தி அல்ல. அவனுக்கு மட்டுமே புதிது என்பதுதான் அக்காட்சியின் கனம்.

கிரத் திரும்பி வரும் இடமும் இதே தர்க்கத்தில்தான் நிற்கிறது. தன் மேல் விழுந்த பழியைத் துடைக்க அவள் வரவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை, காதலையும் நினைவூட்டவில்லை. மகளின் அறுவைச் சிகிச்சைக்குத் தகப்பன் என்ற முறையில் அவன் செய்ய வேண்டியதைச் செய்யச் சொல்கிறாள். தன் வாக்குமூலம் எடுபடாது என்று தெரிந்துகொண்ட பெண், வாதாடுவதை நிறுத்திவிட்டு உரிமையை மட்டும் கேட்கிறாள். இதனால்தான், ஹம்சஃபர் அடங்கிப் போகும் மனைவியைப் போற்றும் பிற்போக்குக் கதை என்ற விமர்சனத்தை முழுமையாக ஏற்க முடியவில்லை. முற்பகுதிக் கிரத் அடக்கமானவள்தான். பிற்பகுதிக் கிரத் அந்த வீட்டில் அளந்து பேசுகிறாள், சலுகைகளை மறுக்கிறாள், அஷரின் இரக்கத்தைச் சந்தேகத்தோடு பார்க்கிறாள். மாஹிரா கானின் நடிப்பில் இந்த மாற்றம் குரலிலேயே தெரிகிறது.

தொடரின் வெற்றி நட்சத்திர இணையாலும் முகப்புப் பாட்டாலும் வந்தது என்போரும் உண்டு. ஃபவாத், மாஹிரா இருவரின் ஈர்ப்பையும் குறைத்துச் சொல்வதற்கில்லை. பாட்டைப் பற்றி மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். குர்ரத்துல் ஐன் பலோச் பாடிய அந்த கஜல், கவிஞர் நசீர் துராபி 1971இல் டாக்கா வீழ்ந்து கிழக்குப் பாகிஸ்தான் பிரிந்ததையொட்டி எழுதியது. ஒரே நாடாக இருந்தவர்கள் ஒருவரையொருவர் கேளாமல் பிரிந்த துயரம், ஒரு தம்பதியின் துயரமாக மறுபிறவி எடுத்தது. பாட்டு கதைக்கு ஒட்டவைத்த அலங்காரமாக இல்லாமல் அதன் மையத்தையே பாடியதால்தான் அவ்வளவு தூரம் போனது.

மறுக்க முடியாத குறை வேறிடத்தில் இருக்கிறது. சாராவைத் தொடர் நடத்தும் விதம் நியாயமற்றது. அவள் படித்தவள், வேலை பார்ப்பவள். ஆனால் கைகூடாத ஆசையைத் தவிர அவளுக்கென்று வேறு வாழ்க்கையை எழுத்து தரவில்லை. நவீன் வகார் அந்த வேதனைக்கு முகம் கொடுத்தும், கடைசியில் அவளுக்குக் கிடைப்பது தற்கொலை. அதீக்கா ஓதோ நடித்த ஃபரீதா சித்தம் கலங்கிப்போகிறாள். கேட்க மறுத்தவனுக்கு? கண்ணீர் விட்டு மன்னிப்புக் கேட்டதும் மனைவியும் மகளும் கிடைத்துவிடுகிறார்கள். சூழ்ச்சி எவ்வளவு திறமையாக இருந்தாலும், ஒரு கேள்வி கேட்டிருந்தால் அது அன்றே குலைந்திருக்கும் என்பதைத் தொடரே காட்டியிருக்கிறது. அப்படியிருக்க, பழியை இரண்டு பெண்கள்மேல் இறக்கிவைத்து அஷரை ஏமாற்றப்பட்டவனாக மட்டுமே விட்டுவிடுவது, தான் எழுப்பிய கேள்வியிலிருந்தே தொடர் நழுவுவதாகும்.

இந்தியாவில் ஜீ குழுமத்தின் ஜிந்தகி அலைவரிசை 2014இல் ஹம்சஃபரை ஒளிபரப்பியது. சில மாதங்களில் முடிந்துவிடும் கதை என்பதே அங்கு பலருக்குப் பெரிய ஈர்ப்பாக இருந்தது. 2016 செப்டம்பர் உரி தாக்குதலுக்குப் பின் அந்த அலைவரிசை பாகிஸ்தான் நிகழ்ச்சிகளை நிறுத்திக்கொண்டது. இதற்கெல்லாம் முன்பே ஹம் டிவி, உமேரா அகமதின் நாவலிலிருந்து ஜிந்தகி குல்ஜார் ஹை தொடரை 2012இல் தொடங்கியிருந்தது. அதன் நாயகி கஷஃப், திருமணத்துக்கு முன்பே அரசு அதிகாரியாகிவிட்டவள். புகுந்த வீட்டை விட்டால் போக்கிடமில்லை என்ற கிரதின் நிலை அவளுக்கு இல்லை.