இங்கிலாந்துத் தொடக்கப் பள்ளிகளில் அறிவியல் பொறுப்பாசிரியர் பயிற்சி

இங்கிலாந்தின் தொடக்கப் பள்ளிகளில் பெரும்பாலும் ஒரு வகுப்புக்கு ஓர் ஆசிரியர். ஆங்கிலம் முதல் ஓவியம் வரை அவரே நடத்துவார். அவர்களுள் ஒருவர் பள்ளி முழுவதன் அறிவியல் பாடத்துக்கும் பொறுப்பேற்பார். எந்த வகுப்பில் எதை நடத்துவது என்று திட்டமிடுவது, சோதனைக்கான பொருள்களைத் திரட்டுவது, அறிவியல் என்றாலே தயங்கும் சக ஆசிரியருக்குத் துணை நிற்பது ஆகியவை அவர் வேலை. ஆசிரியர் பயிற்சியில் இருப்பவரையே இதற்கு ஆயத்தப்படுத்த வேண்டும் என்ற எண்ணம் பிந்தித்தான் தோன்றியது. அதற்கு முன் நூறாண்டுக்கு மேலாக, ஏழைக் குழந்தைக்கு அறிவியல் தேவையா என்பதே விவாதமாக இருந்தது.

1842இல் ஹாம்ப்ஷயரின் கிங்ஸ் சாம்போர்ன் என்ற சிற்றூரில் பாதிரியார் ரிச்சர்ட் டாவ்ஸ் ஒரு பள்ளியைத் திறந்தார். அன்றாடம் புழங்கும் பொருள்களைக் கொண்டே அங்கே கிராமத்துப் பிள்ளைகளுக்கு அறிவியல் கற்பிக்கப்பட்டது. அதைக் கண்டு வியந்த பள்ளி ஆய்வாளர் ஹென்றி மோஸ்லி, பயிற்சிக் கல்லூரிகளிலும் அறிவியலுக்கு இடம் தேடினார். முயற்சி நிலைக்கவில்லை. 1862இல் அரசின் கல்விப் பொறுப்பில் இருந்த ராபர்ட் லோ கொண்டுவந்த திருத்த விதிகள், அரசு மானியத்தை வாசிப்பு, எழுத்து, கணக்குத் தேர்வோடு கட்டிவிட்டன. பணம் வராத பாடத்தைப் பள்ளிகள் கைவிட்டதில் வியப்பில்லை.

1871இல் உயிரியலாளர் தாமஸ் ஹக்ஸ்லி, லண்டனின் தெற்கு கென்சிங்டனில் ஆசிரியர்களுக்கு நடத்திய கோடைக்கால வகுப்பு வேறு வகை. வந்தவர்கள் குறிப்பெடுத்ததோடு நிற்காமல் தாங்களே உயிரினங்களை அறுத்தும் நுண்ணோக்கியில் நோக்கியும் கற்றார்கள். செய்து பார்த்தவர்தான் செய்யவைக்க முடியும் என்ற கொள்கைக்கு இதைவிடத் தெளிவான தொடக்கம் இல்லை. ஆனாலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் தொடக்கப் பள்ளி அறிவியல், பெரிதும் செடிகொடி, பறவை, பருவம் என்ற இயற்கைப் பாடமாகவே சுருங்கியிருந்தது.

1964இல் நஃபீல்டு இளையோர் அறிவியல் திட்டமும், 1967இல் பிரிஸ்டலை மையமாகக் கொண்ட ‘சயின்ஸ் 5/13’ திட்டமும் தொடங்கின. குழந்தையின் கேள்வியிலிருந்து பாடம் புறப்பட வேண்டும் என்பது இவற்றின் நோக்கு. அழகான நோக்குதான். ஆனால் கேள்வி போகும் வழியில் கூடவே போவதற்கு, பாடநூலை நடத்துவதைவிடக் கூடுதலாகவே ஆசிரியருக்கு அறிவியல் தெரிந்திருக்க வேண்டும். அந்தச் சுமையைத் திட்டங்கள் போதிய அளவு கணக்கில் கொள்ளவில்லை. 1978இல் அரசுப் பள்ளி ஆய்வாளர்கள் வெளியிட்ட நாடளாவிய ஆய்வறிக்கை, சிறப்பாக அறிவியல் நடத்தும் பள்ளிகள் சிலவே என்றும், ஆசிரியர்களின் அடிப்படை அறிவியல் அறிவுக் குறையே பெருந்தடை என்றும் கண்டது. எல்லா ஆசிரியரையும் ஒரே நாளில் அறிவியல் அறிந்தவராக்க முடியாது. இருக்கும் ஒருவரின் திறமையைப் பள்ளி முழுவதும் பகிர்ந்துகொள்வதுதான் கைக்கெட்டிய வழி. அறிவியல் பொறுப்பாசிரியர் பதவி பரவலானது இந்தத் தட்டுப்பாட்டால்தான்.

1989இல் தேசியப் பாடத்திட்டம் நடைமுறைக்கு வந்தபோது ஆங்கிலம், கணிதம் ஆகியவற்றோடு அறிவியலும் மையப் பாடமாயிற்று. அதே ஆண்டு வந்த அரசுச் சுற்றறிக்கை, தொடக்கப் பள்ளி ஆசிரியர் பயிற்சியில் அறிவியலுக்குக் குறைந்தது 100 மணி நேரம் ஒதுக்கச் சொன்னது. அந்த நேரம் தன் வகுப்பை நடத்தக் கற்கவே செலவாயிற்று. பிறரை வழிநடத்த எதுவும் மிஞ்சவில்லை. அறிவியலைச் சிறப்புப் பாடமாக எடுத்தவர்களுக்கு மட்டும் பயிற்சியின்போதே அதற்கு வாய்ப்பு இருந்தது: பள்ளியின் பொறுப்பாசிரியரோடு உடனிருந்து பார்ப்பது, பல வயதுக் குழந்தைகளின் குறிப்பேடுகளை ஒப்பிட்டு ஒரு கருத்து ஆண்டுதோறும் எப்படி வளர்கிறது என்று அறிவது, சக மாணவர்களுக்கு ஒரு செயல்முறை வகுப்பு நடத்துவது. இவற்றால் பாடத்தைக் கற்கலாம். அதிகாரத்தைக் கற்க முடியாது. பயிற்சி மாணவர் பள்ளிக்கு விருந்தாளி. இருபதாண்டு அனுபவமுள்ள ஒருவரிடம் ‘இந்தச் சோதனையை வேறு மாதிரி செய்யலாமே’ என்று சொல்லும் நிலையில் அவர் இல்லை. இந்த இடைவெளியை எந்தச் சுற்றறிக்கையும் அடைக்கவில்லை.

1998இல் ஆசிரியர் பயிற்சி முகமை, பாடப் பொறுப்பாளர்களுக்கான தேசியத் தகுதி வரையறையை வெளியிட்டது. பொருள் அலமாரியைக் காப்பவராக இருந்தவர், சகாக்களின் கற்பித்தல் தரத்துக்கும் பதில் சொல்ல வேண்டியவரானார். 2009க்குப் பிறகு 11 வயதினர் அனைவருக்குமான தேசிய அறிவியல் தேர்வு நிறுத்தப்பட்டது. தேர்வுக்காகத் திணிக்கும் பழக்கம் தளர்ந்தது. கூடவே பாடத்தின் செல்வாக்கும் சரிந்தது. 2010இல் தொடங்கிய தொடக்கப் பள்ளி அறிவியல் தரச் சான்றுத் திட்டம், பொறுப்பாசிரியரையே மையமாக வைத்துப் பள்ளியை மேம்படுத்த முனைந்தது. இது பணியில் இருப்போருக்கானது.

பயிற்சியில் இருப்போரின் நிலையோ வேறு. ஓராண்டுப் பயிற்சியில் 120 நாள் பள்ளியிலேயே கழிவதால், கல்லூரியில் அறிவியலுக்குக் கிடைக்கும் நேரம் இன்னும் குறுகியது. சிறிய கிராமப் பள்ளிகளில் ஆசிரியர்கள் சிலரே என்பதால், பணிக்கு வந்து சில ஆண்டே ஆனவர் கையிலும் அறிவியல் வந்து சேர்கிறது. 2019 ஆய்வு முறையின் கீழ், அப்பாடம் எந்த வரிசையில், ஏன் அப்படி அமைந்தது என்று பள்ளி ஆய்வு அமைப்பான ஆஃப்ஸ்டெட்டின் ஆய்வாளர்கள் தலைமையாசிரியரோடு நிற்காமல் பொறுப்பாசிரியரிடமே நேராகக் கேட்கத் தொடங்கினார்கள்.