தாழ்ப்பாளும் தோட்டாவும்

நான் துப்பாக்கி சுட்டவன் என்று சொன்னால் என் வீட்டிலேயே நம்பமாட்டார்கள். ஆனாலும் அது உண்மை. கல்லூரியில் படித்த இரண்டு வருஷத்தில், தேசிய மாணவர் படையில் சேர்ந்தால் சனிக்கிழமை மாலை பூரிக்கிழங்கு கிடைக்கும் என்று ஒரு நண்பன் ஆசை காட்டினான், சேர்ந்தேன். பூரிக்காகப் போனவன் கையில் ஒரு நாள் .22 ரைபிளைக் கொடுத்து, மணல் மூட்டைக்குப் பின்னால் குப்புறப் படுக்க வைத்துவிட்டார்கள். 25 கஜத்தில் தாள் இலக்கு. ஆளுக்கு ஐந்து தோட்டா.

சுட்டு முடித்து ஓடிப்போய்ப் பார்த்தேன். நடுக் கறுப்பில் ஒன்றுகூடப் படவில்லை. இடது மூலையில், ஒரு ரூபாய்க் காசை வைத்து மூடிவிடக்கூடிய இடத்தில், நாலு துவாரங்கள். ஐந்தாவதைக் காணோம். எனக்கு ஒரே அவமானம். பக்கத்துப் பையனின் தாளில் நட்டநடுவில் ஒரு துவாரமும் மற்ற நாலு மூலையிலும் நாலு துவாரங்களும் இருந்தன. ஹவில்தார் அவனை விட்டுவிட்டு என் முதுகில் தட்டினார். எல்லாம் ஒரே பக்கமாக விலகியிருந்தால் குறிமுள்ளைக் கொஞ்சம் நகர்த்திச் சரி செய்துவிடலாம். சிதறினால் ஒன்று ஆளை மாற்றவேண்டும், அல்லது துப்பாக்கியை மாற்றவேண்டும் என்று அரை ஹிந்தியிலும் அரைத் தமிழிலும் விளக்கினார். ஐந்தாவது தோட்டா எங்கே போயிற்று என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

அந்த ஹவில்தாரை மறுபடி ஞாபகப்படுத்தியது ஒரு கடிதம். நண்பர் ஒருவரின் மகன் அமெரிக்காவில் பென்ஸில்வேனியா மாகாணத்தில், ஊருக்கு வெளியே நாலு ஏக்கர் நிலத்தோடு வீடு வாங்கியிருக்கிறான். அவரை போட்டான், முளைத்தது, மறுநாள் காலையில் இல்லை. உட்சக் என்று ஒரு பிராணி தின்றுவிட்டது. பக்கத்துப் பண்ணைக் கிழவர் துப்பாக்கி வாங்கச் சொல்கிறாராம். 'மாமா, நீங்கள்தான் எதையாவது படித்துக்கொண்டே இருப்பீர்களே, எந்த ரைபிள் வாங்கலாம்?' என்று கேட்டிருந்தான். துப்பாக்கியைப் பற்றிக் கதாசிரியனிடம் யோசனை கேட்பவன் பிழைப்பானா என்ற சந்தேகம் எனக்கு உண்டு. இருந்தாலும் புத்தகங்களைப் புரட்டினேன். புரட்டப் புரட்ட, ஒரு நாவலுக்கு வேண்டிய சரக்கு அதில் இருந்தது.

முதலில் தாழ்ப்பாள். நான் சுட்ட ரைபிளில் என்னைக் கவர்ந்தது அதுதான். வலது கையால் ஒரு குமிழைப் பிடித்து மேலே தூக்கிப் பின்னால் இழுத்தால் பழைய கூடு துள்ளி விழும். முன்னால் தள்ளிக் கீழே மடக்கினால் புதிய தோட்டா உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ளும். நம் வீட்டுக் கதவில் தினம் இரவு செய்கிற காரியமேதான். 'போல்ட்' என்ற ஆங்கிலச் சொல்லும் தாழ்ப்பாளைத்தான் குறிக்கிறது. இதைப் பட்டாளத் துப்பாக்கியில் நிலைநாட்டியவன் ஒரு பூட்டுத் தொழிலாளியின் மகன் என்று படித்தபோது எனக்கு ஆச்சரியம் உண்டாகவில்லை. வேறு யாருக்கு அந்த யோசனை தோன்றும்?

அவன் பெயர் நிகோலஸ் டிரைஸே. ஜெர்மனியில் ஸோமர்டா என்னும் சிற்றூரில் 1787ல் பிறந்தவன். தகப்பனிடம் பூட்டுத் தொழில் கற்று, பாரிஸுக்குப் போய்ப் பௌலி என்ற துப்பாக்கி நிபுணரின் பட்டறையில் சில வருஷம் வேலை செய்து, ஊர் திரும்பினான். அந்நாளில் துப்பாக்கிக்கு வாய் வழியாகத்தான் மருந்தும் ரவையும் போட்டுக் கெட்டிக்க வேண்டும். அதற்குச் சிப்பாய் எழுந்து நின்றாக வேண்டும். எழுந்து நிற்பவன் எதிரிக்கு நல்ல குறி. டிரைஸே குழலின் பின்பக்கத்தைத் திறந்து அதற்குத் தாழ்ப்பாள் போட்டான். தாழ்ப்பாளுக்குள் நீண்ட ஊசி. விசையை இழுத்தால் ஊசி காகிதத் தோட்டாவைத் துளைத்து உள்ளேயிருக்கும் மருந்தைத் தட்டும். பிரஷ்ய அரசாங்கம் 1841ல் அதை ஏற்றுக்கொண்டது. இரகசியம் வெளிவராமலிருக்க, சாதாரணத் துப்பாக்கியைப்போல் ஒரு பெயரையும் அதற்குச் சூட்டி வைத்தார்கள்.

1866 ஜூலை 3ஆம் தேதி கோனிக்ரேட்ஸ் என்ற இடத்தில் அதன் வலிமை தெரிந்தது. ஆஸ்திரியர்கள் நின்று கெட்டித்தார்கள். பிரஷ்யர்கள் படுத்துக்கொண்டே சுட்டார்கள். ஆஸ்திரியன் ஒரு தடவை கெட்டிப்பதற்குள் இவன் மூன்று நாலு தடவை சுட்டுவிட்டான். ஒரே நாளில் ஆஸ்திரியாவின் பெருமை சாய்ந்தது. டிரைஸே அதைக் கண்ணால் பார்த்துவிட்டு அடுத்த வருஷம் கண்ணை மூடினான்.

பிறகு வந்தவர்கள் மௌஸர் சகோதரர்கள். நெக்கார் நதிக்கரையில் ஓபர்ண்டார்ஃப் என்ற ஊர். தகப்பனார் அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலையில் வேலையாள். பதின்மூன்றாவது பிள்ளை பால், 1838ல் பிறந்தவர். (பதின்மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒருவன் அமைதியாக உட்கார்ந்து யோசித்தான் என்பதே என்னைப் பொறுத்த வரையில் பெரிய கண்டுபிடிப்பு.) அண்ணன் வில்ஹெல்ம் பேச்சில் சமர்த்தர், ஊர் ஊராகப் போய் விலை பேசினார். தம்பி பட்டறையில் உட்கார்ந்து அரத்தால் ராவினார். அண்ணன் 1882ல் காலமானார். தம்பி விடவில்லை. காகிதம் போய்ப் பித்தளைத் தோட்டா வந்தது; ஒற்றைத் தோட்டா போய் ஐந்து வந்தது; தாழ்ப்பாளின் தலையில் இரண்டு காதுகள் முளைத்து, தோட்டாவுக்கு நேர் பின்னாலேயே குழலோடு பூட்டிக்கொண்டன. 1898ல் வந்த மௌஸர் அந்த வேலையின் உச்சம். இன்றுவரை உலகத்தில் செய்யப்படும் தாழ்ப்பாள் ரைபிள்களில் பெரும்பாலானவற்றுக்கு அதுவே பாட்டன்.

அமெரிக்கர்களுக்கு இது புரிந்தது அடிபட்ட பிறகுதான். அதே 1898ஆம் வருஷம் ஜூலை 1ஆம் தேதி கியூபாவில் ஸான் ஹுவான் குன்றின்மேல் ஏறினார்கள். மேலே ஸ்பானியர்கள் கொஞ்சம் பேர்தான்; ஆனால் அவர்கள் கையில் மௌஸர். ஐந்து தோட்டாவை ஒரு தகட்டில் கோத்து ஒரே அழுத்தில் உள்ளே இறக்கினார்கள். அமெரிக்கன் தன் கிராக் ரைபிளில் ஒவ்வொன்றாகப் போட்டான். தொண்டர் படையில் சிலருக்குக் கரிமருந்துத் துப்பாக்கி. ஒரு வெடி வெடித்தால் புகை எழும்பி, 'இதோ இருக்கிறேன்' என்று காட்டிக்கொடுத்தது. குன்றைப் பிடித்துவிட்டார்கள். ஆனால் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் செத்தும் காயம்பட்டும் விழுந்தார்கள். ஊர் திரும்பியதும் மௌஸரைப் பார்த்து ஸ்பிரிங்ஃபீல்ட் 1903 ரைபிளைச் செய்துகொண்டார்கள். பார்த்துச் செய்ததற்காக மௌஸர் கம்பெனிக்கு 2 லட்சம் டாலர் கொடுக்கவும் நேர்ந்தது.

இவ்வளவும் யுத்தக் கதை. அவரைச் செடிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் 1919ல் ஆரம்பமாகிறது. முதல் மகா யுத்தம் முடிந்து, தாழ்ப்பாள் ரைபிளைப் பழகிய லட்சக்கணக்கான வாலிபர்கள் ஊருக்குத் திரும்பினார்கள். அதுவரை அமெரிக்கக் குடியானவனுக்கு ரைபிள் என்றால் அடியில் நெம்புகோல் வைத்த வின்செஸ்டர்தான். அதில் கட்டை இரண்டு துண்டு. பூட்டு இருப்பது பின்னால். ஒவ்வொரு வெடிக்கும் கொஞ்சம் நெளிந்துகொடுக்கும். மான் சுடுகிறவனுக்கு அது போதும். தாளில் துவாரத்தின்மேல் துவாரம் போட ஆசைப்படுகிறவனுக்குப் போதாது. தாழ்ப்பாள் ரைபிளில் கட்டை ஒரே துண்டு. குழலும் பூட்டும் அதில் அசையாமல் படிந்திருக்கும். அந்த வருஷம் நியூ ஜெர்சியில் கால்ட்வெல் என்ற இடத்தில் நடந்த தேசியப் போட்டிக்கு வின்செஸ்டர் கம்பெனியே ஒரு .22 தாழ்ப்பாள் ரைபிளைக் கொண்டுவந்து காட்டியது. மாடல் 52 என்று பெயர். 1980 வரையில் அதைச் செய்துகொண்டிருந்தார்கள். தாள் இலக்குக்காரர்கள் அதைத் தம்பூராவைப்போல் போற்றி வைத்திருந்தார்கள்.

அதில் போடுவது 1887ல் வந்த லாங் ரைபிள் தோட்டா. நான் பூரிக்குப் பிறகு சுட்டதும் அதேதான். விலை குறைவு, உதை இல்லை, சத்தம் குறைவு. தாளுக்கு இதைவிட வேறு வேண்டாம். ஆனால் உட்சக் தாள் அல்லவே!

உட்சக் அணிலுக்குப் பெரியப்பா முறை. பெருச்சாளியைவிடப் பெரிது, நாலைந்து கிலோ எடை. தீவனப் புல்லையும் அவரையையும் தின்பதுகூடப் பெரிதல்ல. வயல் நடுவே வளை தோண்டும். குதிரை அதில் காலை விட்டு முறித்துக்கொள்ளும். டிராக்டர் சக்கரம் இறங்கிவிடும். இப்படிப்பட்ட ஜந்துக்களைக் குடியானவர்கள் 'வார்மின்ட்' என்பார்கள். 'வெர்மின்' என்ற சொல்லின் நாட்டுப்புற மரூஉ. இதில் வேடிக்கை என்னவென்றால், அதே பென்ஸில்வேனியாவில் பங்க்ஸடானி என்ற ஊரில் 1887 முதல் பிப்ரவரி 2ஆம் தேதி இந்தப் பிராணியை மேடையேற்றி, குளிர் இன்னும் எத்தனை நாள் என்று ஜோசியம் கேட்கிறார்கள். பிப்ரவரியில் ஜோசியர், ஜூனில் குற்றவாளி.

அது வளை வாசலில் எழுந்து நின்று பார்க்கும். நூறு கஜத்துக்குள் யாரையும் விடாது. லாங் ரைபிள் தோட்டா அந்தத் தூரத்தில் சோர்ந்துபோகிறது, சாகடிக்காமல் காயப்படுத்தும். காயம்பட்ட பிராணி வளைக்குள் நுழைந்து இரண்டு நாள் கழித்துச் சாகும். இன்னொரு தொல்லையும் உண்டு. வேகம் குறைந்த ஈய ரவை மண்ணில் பட்டால் நொறுங்காமல் தத்திக் கிளம்பும். ஒரு மைலுக்கு அப்பாலும் போகக்கூடியது அது. வழியில் பக்கத்துப் பண்ணைப் பசுமாடு இருக்கும். பசுமாட்டின் சொந்தக்காரனும் இருப்பான். பெரிய ரைபிளை எடுத்தாலோ, வெடிச் சத்தத்தில் ஊரே திரண்டு வந்துவிடும்.

இந்தச் சிக்கலைத் தீர்க்கப் புறப்பட்டவர்கள் பட்டாளத்துக்காரர்கள் என்பதுதான் கதையில் ரசமான இடம். ஸ்பிரிங்ஃபீல்ட் ஆயுதசாலையில் 1920களில் டவுன்ஸென்ட் வீலன் என்று ஓர் அதிகாரி இருந்தார்; பத்திரிகைகளில் ஓயாமல் எழுதியவர்; ஆகையால் எனக்கு அவரிடம் ஒரு ஜாதி அபிமானம். அவரும் காப்டன் வாட்கின்ஸ் முதலிய நண்பர்களும் 1885ஆம் வருஷத்துக் கரிமருந்துத் தோட்டா ஒன்றைத் தேடி எடுத்து, அதில் புகையில்லா மருந்தை அடைத்து, மெல்லிய செம்புத் தோல் போர்த்த மூன்று கிராம்கூட இல்லாத ரவையைப் பொருத்தினார்கள். சிப்பாய்களுக்குப் பயிற்சி கொடுக்க ஸ்பிரிங்ஃபீல்டில் செய்த .22 ரைபிள்களுக்கு வேறு குழல் மாட்டிச் சுட்டுப் பார்த்தார்கள். வினாடிக்கு 2,400 அடி வேகம். லாங் ரைபிளைப்போல் இரண்டு மடங்கு. மண்ணில் பட்டால் தத்தாமல் சுக்கல் சுக்கலாய்ப் போயிற்று. 'ஹார்னெட்', அதாவது குளவி, என்று பெயர் வைத்தார்கள். 1930ல் வின்செஸ்டர் இந்தத் தோட்டாவை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, அதற்கென்று ரைபிள் எந்தத் தொழிற்சாலையிலும் கிடையாது! தாலி வாங்கிவிட்டுப் பெண் பார்க்கப் போனது மாதிரி. ரைபிள் வரச் சில காலம் பிடித்தது.

ஆசை அதோடு நிற்குமா? 1935ல் ஸ்விஃப்ட் என்ற தோட்டா வந்தது. வினாடிக்கு 4,000 அடிக்கு மேல். ஒலியைப்போல் மூன்றரை மடங்கு. முந்நூறு கஜத்தில் நிற்கும் உட்சக்குக்குச் சத்தம் கேட்கச் சந்தர்ப்பமே இல்லை. ஆனால் அந்த உஷ்ணம் குழலின் உட்புறத்தைச் சீக்கிரம் அரித்துவிடும் என்று குறை சொன்னார்கள். எனக்கு ஸ்விஃப்டைப் பிடிக்கவில்லை. அவரைக்காயைக் காப்பாற்ற அவ்வளவு அவசரம் வேண்டாம்.

நடுத்தரமானதைத் தந்தவர் மைக் வாக்கர். நியூயார்க் மாகாணத்தில் இலியன் என்ற ஊரில் ரெமிங்டன் தொழிற்சாலையின் எஞ்சினீயர். அந்த ஊரை நாம் மறக்கக்கூடாது. 1873ல் டைப்ரைட்டரைத் தயாரிக்கத் தொடங்கியதும் ரெமிங்டன் கம்பெனி அங்கேதான். நம் ஊர் மாடிகளில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் தடதடவென்று எத்தனை பேருக்கு உத்தியோகம் வாங்கிக்கொடுத்த பெயர் அது! இலியனில் துப்பாக்கி வேலை 2024ல் நின்றுபோயிற்று. வாக்கர், மேஜைமேல் ரைபிளை வைத்து நூறு கஜத்தில் ஐந்து தோட்டாவையும் ஒரே துவாரத்தில் போட முயலும் கூட்டத்தைச் சேர்ந்தவர். என் ஹவில்தாரின் கட்சி. 1950ல் அவர் .222 ரெமிங்டன் தோட்டாவையும் அதற்கேற்ற மாடல் 722 ரைபிளையும் கொண்டுவந்தார். வேகம் 3,200 அடி. உதை இல்லை, குழல் கெடாது, சிதறல் இல்லை. தாள்காரர்களும் எடுத்துக்கொண்டார்கள், உட்சக்காரர்களும் எடுத்துக்கொண்டார்கள்.

அதை எடுத்துக்கொண்ட மூன்றாமவன்தான் என்னைத் தூங்கவிடவில்லை. 1950களின் பிற்பகுதியில் அமெரிக்க ராணுவம் இலேசான ரைபிள் வேண்டும் என்றது. யூஜின் ஸ்டோனர் என்பவர் .222 தோட்டாவைச் சற்று நீட்டி அதற்கேற்ற ரைபிளைச் செய்தார். அதுவே எம் 16 ஆகி வியட்நாமுக்குப் போயிற்று. அந்த 5.56 மில்லிமீட்டர் அளவை 1980ல் நேட்டோ நாடுகள் பொதுவாக்கிக்கொண்டன. 1990களில் நம் நாடு செய்துகொண்ட இன்சாஸ் ரைபிளுக்கும் அந்த அளவுதான். உட்சக்குக்காகப் பொறுக்கி எடுத்த ரவை மனிதனைத் தேடிப் போய்விட்டது. கோனிக்ரேட்ஸில் கிளம்பிய தாழ்ப்பாள் அவரைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது. அவரைத் தோட்டத்துத் தோட்டா நெல் வயலில் போய் விழுந்தது.

பையனுக்குப் பதில் எழுதினேன். தோட்டம் சிறியது, அக்கம்பக்கத்தில் வீடுகள் என்றால், முதலில் கம்பி வேலி போட்டுப் பார். அடிக்கம்பியை ஓர் அடி ஆழம் மண்ணுக்குள் புதை. அதற்கும் அடங்காவிட்டால், பழகுவதற்குத் தாழ்ப்பாள் வைத்த சாதாரண .22, அதைத் தாளோடு நிறுத்திக்கொள். ஆறு மாதம் பழகிய பிறகு .222 அல்லது ஹார்னெட். கடைக்குக் கிழவரைக் கூட்டிக்கொண்டு போ. கட்டையின் பளபளப்பைப் பார்க்காதே. குழல் கட்டையில் ஒழுங்காகப் படிந்திருக்கிறதா, விசை சொரசொரப்பில்லாமல் விடுகிறதா என்று பார். ஐந்து தோட்டா சுட்டு, துவாரங்கள் எவ்வளவு நெருக்கம் என்று அள. பிராணிக்குப் பின்னால் மண்மேடு இல்லாமல் வெறும் வானம் தெரிந்தால் சுடாதே.

பதினைந்து நாள் கழித்துப் பதில் வந்தது. வேலி போட்டிருக்கிறானாம்.