நஞ்சுகள் காட்டிக்கொடுத்த நோய்

மயஸ்தீனியா கிராவிஸ் என்னும் தசைச் சோர்வு நோயில் வலுவின்மை பொழுதுக்குப் பொழுது மாறும். காலையில் இயல்பாகத் திறந்த இமைகள் மாலையில் தாமாகச் சரியும். முதல் கவளத்தை நன்றாக மென்றவரால் சாப்பாடு முடியும் முன்பே தாடையை அசைக்க முடியாமல் போகும். பேசப் பேசக் குரல் மூக்கால் வந்து மங்கும். சற்று ஓய்ந்தால் மீளும். இந்த ஏற்ற இறக்கம்தான் நோயின் அடையாளம். நோயை நெடுங்காலம் மறைத்து வைத்ததும் அதுவே. மருத்துவர் பார்க்கும் வேளையில் நோயாளி தெளிவாக இருந்துவிட்டால் நடிப்பு என்றோ ஹிஸ்டீரியா என்றோ பெயர் வாங்க வேண்டியதுதான். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் நரம்பு நோய்க்கு இந்தச் சங்கடம் குறைவு. பாரிஸில் சல்பெத்ரியேர் மருத்துவமனையில் நரம்பியல் மருத்துவர் ஷார்க்கோ 1868இல் அதை விவரித்தபோது, மூளையிலும் தண்டுவடத்திலும் இருந்த தழும்புத் திட்டுகளைச் சுட்டிக்காட்ட முடிந்தது. மயஸ்தீனியாவில் இறந்தவரின் மூளையிலும் நரம்பிலும் அப்படிக் காட்ட எதுவும் இல்லை.

ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் வில்லிஸ் 1672இல் எழுதிய நூலில் ஒரு பெண் வருகிறார். சற்று நேரம் வேகமாகப் பேசினால் வாயடைத்துப்போய், ஓரிரு மணி நேரம் கழிந்தபின்தான் அவருக்குப் பேச்சு திரும்பும். அதன்பின் இரண்டு நூற்றாண்டுகள் பெரும்பாலும் மௌனம். 1879இல் ஜெர்மனியில் வில்ஹெல்ம் எர்ப், 1893இல் வார்சாவில் சாமுவேல் கோல்ட்ஃபிளாம் ஆகியோர் நோயாளிகளைத் தொகுத்து விவரித்தனர். 1895இல் பெர்லினில் ஃபிரீட்ரிக் யோலி ஒரு படி மேலே போனார். தசையை மின்சாரத்தால் திரும்பத் திரும்பத் தூண்டினால் அதன் துடிப்பு படிப்படியாகக் குன்றுவதைக் காட்டி, நோய்க்கு இன்றைய பெயரையும் சூட்டினார். இன்றும் நரம்பியல் ஆய்வகங்களில் செய்யப்படும் சோதனை இதன் வாரிசுதான். ஆனால் அன்று சிகிச்சை மட்டும் இல்லை. மூச்சுத் தசைகள் சோர்ந்தால் மரணம்தான்.

சிகிச்சைக்கான துப்பு நஞ்சுகளிலிருந்து வந்தது. தென்னமெரிக்கப் பழங்குடிகள் அம்பு நுனியில் தடவிய குராரே நஞ்சு, நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தில் வேலை செய்கிறது என்பதை 1850களில் பிரெஞ்சு உடலியலாளர் கிளாட் பெர்னார் தவளைகளில் நிறுவியிருந்தார். குராரே ஏறியவரின் நிலையும் மயஸ்தீனியா நோயாளியின் நிலையும் ஏறத்தாழ ஒன்று. குராரேக்கு மாற்று மேற்கு ஆப்பிரிக்காவின் கலபாரிலிருந்து வந்தது. அங்கே எஃபிக் மக்கள், குற்றம் சாட்டப்பட்டவருக்கு ஒருவகை அவரை விதையை உண்ணக் கொடுப்பார்கள். கக்கினால் நிரபராதி, செத்தால் குற்றவாளி. எடின்பரோ பேராசிரியர் ராபர்ட் கிறிஸ்டிசன் 1855இல் அதைத் தாமே தின்று பார்த்தார். நிலைமை மோசமானதும் முகம் மழித்த சோப்பு நீரைக் குடித்து வாந்தியெடுத்துப் பிழைத்தார். அந்த விதையின் சாரம்தான் ஃபைசோஸ்டிக்மைன். அது குராரேயின் பிடியைத் தளர்த்தும் என்று 1900இல் வியன்னாவில் யாகோப் பால் கண்டறிந்தார். நோய் குராரேயை ஒத்திருந்தது, குராரேக்கு முறிவும் கையில் இருந்தது. இரண்டையும் இணைக்க முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆயின. இடையே 1932இல் ஜெர்மனியில் லாசர் ரெமென் ஒரு நோயாளிக்கு, ஃபைசோஸ்டிக்மைனைப் போன்ற செயற்கை மருந்தான நியோஸ்டிக்மைன் ஊசி போட்டு நல்ல பலனைப் பார்த்தார், ஆனால் அதன் முக்கியத்துவத்தை உணரவில்லை.

இணைத்தவர் ஸ்காட்லாந்தில் பிறந்த மேரி வாக்கர். லண்டன் கிரீனிச்சில் ஏழைகளுக்கான செயின்ட் ஆல்ஃபெஜ் மருத்துவமனையில் அவர் உதவி மருத்துவர்; ஆராய்ச்சிப் பதவி எதுவும் இல்லை. அங்கு வந்துபோன நரம்பியல் நிபுணர் டெனி-பிரவுன், இந்நோய் குராரே நஞ்சேறியதுபோல் இருக்கிறது என்றார். வாக்கர் அதை அப்படியே பிடித்துக்கொண்டு, 56 வயதுப் பெண்ணொருவருக்கு ஃபைசோஸ்டிக்மைன் ஊசி போட்டார். ஒரு மணி நேரத்துக்குள் சரிந்த இமை உயர்ந்தது, விழுங்க முடிந்தது. சில மணி நேரத்தில் மருந்தின் வேகம் தணிந்ததும் பழைய நிலை. 1934 ஜூனில் ‘லான்செட்’ இதழில் இது ஒரு சிறு கடிதமாக வெளிவந்தது. அடுத்த ஆண்டே அவர் நியோஸ்டிக்மைனுக்கு மாறினார்.

மருந்து ஏன் வேலை செய்கிறது என்பது அதன்பின்தான் தெளிந்தது. நரம்பு முனை அசிட்டைல்கோலினைச் சுரக்கிறது. அது தசையின் ஏற்பிகளில் போய் ஒட்டும்போது தசை சுருங்குகிறது. உடனே ஒரு நொதி அதைச் சிதைத்துவிடுகிறது. மருந்து அந்த நொதியை முடக்குவதால், இருக்கிற அசிட்டைல்கோலின் கூடுதல் நேரம் நிலைக்கிறது. நரம்புச் செய்தியை வேதிப்பொருள் கடத்துகிறது என்று காட்டிய ஹென்றி டேலும் ஆட்டோ லோவியும் 1936இல் நோபல் பரிசு பெற்றனர். நல்ல பாம்பு கடித்து இமை சரிந்து வருவோருக்கு இந்திய மருத்துவமனைகளில் அட்ரோப்பினுடன் நியோஸ்டிக்மைன் ஊசி போடுவதும் இதே கணக்கில்தான்.

நோயின் காரணம் அப்போதும் பிடிபடவில்லை. மார்பெலும்புக்குப் பின்னுள்ள தைமஸ் சுரப்பியில் கட்டி இருந்த ஓர் இளம்பெண்ணுக்கு அறுவை மருத்துவர் ஆல்ஃபிரட் பிளாலாக் 1936இல் அதை அகற்ற, நோய் தணிந்தது. 1960இல் ஜான் சிம்ப்சன், உடலின் எதிர்ப்பாற்றலே தசை ஏற்பியைத் தாக்குகிறது என்று ஊகித்தார். ஊகத்தைச் சோதிக்க ஏற்பியை எண்ண வேண்டும். அதற்கு உதவியதும் நஞ்சுதான். தைபேயில் சாங், லீ இருவரும் 1963இல் தைவானின் கட்டுவிரியன் இனப் பாம்பின் விஷத்திலிருந்து, ஏற்பியில் ஒட்டினால் விடாத ஒரு புரதத்தைப் பிரித்தனர். கதிரியக்கமூட்டிய அந்தப் புரதத்தைக் கொண்டு 1973இல் டிராக்மன் குழுவினர் எண்ணிப் பார்த்தபோது, நோயாளிகளின் தசையில் இயல்பான அளவில் 11 முதல் 30 சதவீதம் ஏற்பிகளே இருந்தன. அதே ஆண்டு கலிஃபோர்னியாவில் பேட்ரிக்கும் லிண்ட்ஸ்ட்ரோமும் மின்விலாங்கின் ஏற்பியை முயல்களுக்குச் செலுத்தினர். அவர்கள் தேடியது, அந்த ஏற்பிக்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள் மட்டுமே. கிடைத்ததோ மயஸ்தீனியா நோயாளிகளைப்போலத் தசை தளர்ந்து விழுந்த முயல்கள்.

எதிரியான எதிர்ப்பொருள் இரத்தத்தில் இருப்பது உறுதியானதும் சிகிச்சை வேகம் பிடித்தது. பிளாஸ்மாவை மாற்றி எதிர்ப்பொருளை நீக்கும் முறை 1976இல் லண்டனில் பலன் தந்தது, ஸ்டீராய்டு வழக்கமாயிற்று, மூச்சுத் திணறலை வென்டிலேட்டர் சமாளித்தது. கட்டி இல்லாதவர்க்கும் தைமஸை எடுப்பது நல்லதா என்ற பழைய வழக்கு, 126 பேரிடம் நடந்த சோதனையில் 2016இல்தான் ஆம் என்று தீர்ந்தது. அடையாளம் காண இரத்தப் பரிசோதனை இருந்தாலும், சரிந்த இமைமேல் இரண்டு நிமிடம் ஐஸ் வைத்து அது உயர்கிறதா என்று பார்ப்பது இன்றும் எளிய வழி. ஏற்பிக்கு எதிரான எதிர்ப்பொருள் இல்லாத சிலரிடம் தாக்கப்படுவது மஸ்க் என்னும் வேறொரு புரதம் என்று 2001இல் தெரிந்தது. வாக்கரின் வழிவந்த பிரிடோஸ்டிக்மைன் மாத்திரை அவர்களுக்குச் சரியாக எடுபடுவதில்லை. தைமஸை எடுப்பதாலும் பெரிய பயனில்லை. அவர்களுக்கு ரிடுக்சிமாப் ஊசியே பெரும்பாலும் கைகொடுக்கிறது.