முதல் பொம்மைப் படை: கர்நாடகப் போர்களும் காரைக்கால் சீமையும்

காரைக்கால் மாவட்டத்தில் திருநள்ளாறு கொம்யூனைச் சேர்ந்த ஊர் அம்பகரத்தூர். அங்குள்ள பத்ரகாளியம்மன் கோயிலின் தலபுராணமே ஒரு போர்க்கதைதான். காளி அசுரனை வதைத்த கதை. புராணப் போர்களில் படைக்குக் கணக்குக் கிடையாது. எத்தனை பேர் வந்தார்கள், அவர்களுக்குச் சோறு போட்டது யார் என்று யாரும் கேட்பதில்லை.

ஆனால் அதே வட்டாரத்தில் 18-ஆம் நூற்றாண்டில் நடந்த போர்களுக்குக் கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு, சின்னச் சின்ன பொம்மை வீரர்களை மேசைமேல் அணிவகுத்துப் பழைய போர்களை மறுபடி ஆடிப் பார்க்கும் ஒரு பொழுதுபோக்கும் உலகில் இருக்கிறது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பிரபலமான இந்த விளையாட்டில் புதிதாக நுழைபவர்கள் எல்லோருக்கும் வரும் முதல் கேள்வி: எந்தப் படையை முதலில் உருவாக்குவது?

காரைக்கால் பக்கத்திலிருந்து ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்டால் என்ன பதில் சொல்லலாம் என்று பார்ப்பதே இக்கட்டுரை.

விளையாட்டு வந்த வழி

போரை விளையாட்டாக ஆடுவது இந்தியாவுக்குப் புதிதல்ல. சதுரங்கம் என்ற சொல்லுக்கே நான்கு அங்கங்கள் என்றுதான் பொருள்: யானை, குதிரை, தேர், காலாள். ஆனால் சதுரங்கத்தில் இரண்டு பக்கமும் சமம். நிலம் வெறும் கட்டங்கள். உண்மைப் போர் அப்படி நடப்பதில்லை.

பிரஷ்யாவைச் சேர்ந்த ரைஸ்விட்ஸ் என்பவர் 1812-ல் மேடு, ஆறு, சாலை எல்லாம் கொண்ட ஒரு போர் விளையாட்டை அந்நாட்டு மன்னருக்குக் காட்டினார். அவருடைய மகன் அதை வரைபடத்தின்மேல் ஆடும்படி திருத்தி 1824-ல் விதிகளை வெளியிட்டார். பிரஷ்ய ராணுவம் அதைத் தன் அதிகாரிகளின் பயிற்சிக்கே எடுத்துக்கொண்டது. பிறகு நாவலாசிரியர் எச்.ஜி.வெல்ஸ் 1913-ல் பொம்மை வீரர்களை வைத்து ஆடும் விதிகளைப் புத்தகமாக எழுதினார். இன்று ஆடப்படும் விளையாட்டு அந்த வழியில் வந்தது. பொம்மைகள் 28, 15, 6 மில்லிமீட்டர் எனப் பல உயரங்களில் உலோகத்திலும் பிளாஸ்டிக்கிலும் கிடைக்கின்றன. வாங்கியவர்தான் வர்ணம் பூசவேண்டும்.

எந்தப் படை?

தமிழ் பேசும் யாருக்கும் முதலில் தோன்றுவது சோழர் படைதான். ஆசை நியாயமானது. ஆனால் முதல் படைக்கு அது ஏற்றதல்ல. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் படைப்பிரிவுகளின் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. ஆனால் ஒரு குறிப்பிட்ட போரில் எந்தப் பிரிவு எங்கே நின்றது, எத்தனை பேர், என்ன உடை என்பதைக் கல்வெட்டு சொல்வதில்லை. பாதிக்கு மேல் கற்பனையாகத்தான் செய்யவேண்டும்.

முதல் படைக்கு மூன்று தகுதிகள் போதும். அது சிறியதாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் பாதியில் சலித்துப்போய் பெட்டியிலேயே கிடக்கும். அதைப்பற்றி எழுதப்பட்ட கணக்கு இருக்கவேண்டும். அது நடந்த நிலம் ஆடுபவருக்குத் தெரிந்ததாக இருக்கவேண்டும். இந்த மூன்றும் பொருந்துவது பிரெஞ்சுக் கம்பெனியின் கர்நாடகப் போர்ப் படை.

47 பொம்மைகள்

1746 செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் ஆங்கிலேயரிடமிருந்து சென்னையைப் பிடித்தார்கள். ஊரைத் தன்னிடம் ஒப்படைக்கவில்லை என்று ஆற்காட்டு நவாப் அன்வருத்தீன் தன் மகன் மாபூஸ்கானை ஒரு படையோடு அனுப்பினார். நவம்பர் 4-ஆம் தேதி, புதுச்சேரியிலிருந்து வந்த பரதி (Paradis என்ற பிரெஞ்சுப் பெயரின் உச்சரிப்பு) என்னும் சுவிஸ் அதிகாரியின் சிறுபடை அடையாற்றங்கரையில் அதை எதிர்கொண்டது.

பரதியிடம் இருந்தவர்கள் ஐரோப்பியர் 230, சிப்பாய்கள் 700. பீரங்கி இல்லை. எதிரே சுமார் 10,000 பேர், பீரங்கிகளோடு. பரதியின் ஆட்கள் ஆற்றைக் கடந்து, வரிசையாக நின்று சுட்டு, துப்பாக்கிமுனைக் கத்திகளோடு பாய்ந்தார்கள். நவாபின் படை சாந்தோம் தெருக்களுக்குள் பின்வாங்கிச் சிதறியது. யானைமேல் இருந்த மாபூஸ்கானும் தப்பி ஓடினார்.

இப்போது பொம்மைக் கணக்கு. ஒரு பொம்மை 20 பேருக்குச் சமம் என்று வைத்தால் ஐரோப்பியருக்கு 12, சிப்பாய்களுக்கு 35. மொத்தம் 47. பீரங்கியும் குதிரையும் வேண்டாம். வாரம் ஐந்து பொம்மைக்கு வர்ணம் பூசினால்கூட பத்து வாரத்தில் முடிந்துவிடும். முதல் படைக்கு இதைவிடப் பொருத்தமானது கிடைப்பது அரிது.

எதிர்ப்படையை இதே கணக்கில் செய்தால் 500 பொம்மை ஆகும். அங்கே அளவை மாற்றிக்கொள்ளலாம். நவாபின் குதிரைப்படையில் ஒரு பொம்மை 100 பேருக்குச் சமம் என்று வைத்தால் நூறோடு நிற்கும். இதுவே இந்தப் போரின் பாடமும்கூட. பயிற்சி பெற்ற வரிசை நிமிடத்துக்கு இரண்டு மூன்று முறை சுடும். பயிற்சியில்லாத கூட்டம் எவ்வளவு பெரிதானாலும், முன்னால் நிற்பவர்கள் மட்டுமே சண்டையிட முடியும்.

அந்த 35 பேர் யார்?

படையைக் கட்டும்போதுதான் ஒரு விஷயம் கண்ணில் படும். "பிரெஞ்சுப் படை" என்று பெயர். ஆனால் 47-ல் 35 பேர் இந்த மண்ணின் ஆட்கள். நான்கில் மூன்று பங்கு.

இதன் ஆரம்பம் காரைக்காலோடு சேர்ந்தே நடந்தது. தஞ்சை மராட்டிய மன்னர் சாகுஜி பணத்துக்காகக் காரைக்காலைத் தருவதாக 1738-ல் ஒப்புக்கொண்டார்; பிறகு இழுத்தடித்தார். கடைசியில் சந்தாசாகிபின் படைதான் ஊரைப் பிடித்துப் பிரெஞ்சுக்காரரிடம் கொடுத்தது. 1739 பிப்ரவரி 14-ல் காரைக்கால் அவர்கள் கைக்கு வந்தது. அதாவது காரைக்காலை வாங்கக் கம்பெனியிடம் சொந்தப் படை போதவில்லை. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் மராட்டியர் படையெடுப்பு வரவே, கவர்னர் துய்மா உள்ளூர் முஸ்லிம்கள் பலரைச் சேர்த்து ஐரோப்பிய முறையில் ஆயுதமும் பயிற்சியும் கொடுத்தார். அடையாற்றில் நின்ற சிப்பாய்கள் இந்த வழியில் வந்தவர்கள். 1748-ல் கடலூர் செயின்ட் டேவிட் கோட்டைக்கு வந்த மேஜர் ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ் ஆங்கிலேயருக்காக இதையே செய்தார். பின்னாளில் இந்தியாவையே பிடித்த சிப்பாய்ப் படைகளுக்கு இந்தக் கடற்கரைதான் நாற்றங்கால்.

பரதியின் பெயர் வரலாற்றில் இருக்கிறது. 700 சிப்பாய்களின் பெயர்கள் இல்லை. புதுச்சேரி, காரைக்கால் பக்கம் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களைச் "சொல்தா" என்று சொல்லும் வழக்கம் இன்றும் இருக்கிறது. அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருக்கும் நீண்ட கதையின் முதல் பக்கம் இந்த 35 பொம்மைகள். இவர்களுக்கு ஒரே மாதிரி வர்ணம் பூசிவிட்டு நகர்ந்துவிடக்கூடாது. அந்தக் காலத்துச் சிப்பாய்கள் பெரும்பாலும் சொந்த உடையிலேயே வந்தார்கள். தலைப்பாகை, இடைக்கச்சு எல்லாம் ஆளுக்கு ஆள் வேறுபட்டால்தான் சரியாக இருக்கும்.

காரைக்காலிலிருந்து தஞ்சைக்கு

அடையாற்றுப் படை முடிந்தபின் அதையே பெரிதாக்கி ஆடக்கூடிய போர் ஒன்று உண்டு. அது காரைக்கால் சீமையிலேயே நடந்தது.

1758 ஏப்ரலில் புதுச்சேரிக்கு வந்து இறங்கிய தளபதி லாலி, ஜூன் 2-ல் செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடித்தார். அடுத்து சென்னைக்குப் போகப் பணம் இல்லை. தஞ்சை மன்னர் பிரதாபசிங் முன்பு எழுதிக்கொடுத்த 56 லட்ச ரூபாய் பத்திரம் ஒன்று கம்பெனியிடம் இருந்தது. அதை வசூலிக்கக் காரைக்கால் வழியாகத் தஞ்சைக்குப் படை கிளம்பியது.

இங்கே வர்ணம் பூசுபவர் கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்று. லாலியின் சொந்த ரெஜிமெண்ட் அயர்லாந்துக்காரர்களால் ஆனது. அவர்கள் பிரெஞ்சுப் படையில் இருந்தும் அணிந்தது சிவப்புக் கோட்டு, பச்சை மடிப்புகளோடு. பிரெஞ்சு என்றதும் எல்லோருக்கும் வெள்ளை பூசுவது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு.

படையில் ஆளும் துப்பாக்கியும் இருந்தன. மாடும் அரிசியும் இல்லை. வழியில் கொள்ளிட முகத்துவாரத்துத் தேவிக்கோட்டையில் கிடைத்தது உமி நீங்காத நெல். பசியோடு வந்த சிப்பாய்க்கும் சொல்தாவுக்கும் அதைக் குத்தித் தர யாரும் இல்லை. காரைக்காலிலும் போதுமான உணவு சேர்த்துவைக்கப்படவில்லை. நாகூர் கொள்ளையிடப்பட்டது. கீழ்வேளூரில் கோயில் சூறையாடப்பட்டது. ஆறு அந்தணர்கள் ஒற்றர்கள் என்று பீரங்கி வாயில் கட்டிச் சுடப்பட்டார்கள். இந்தச் செய்தி பரவிய நாட்டில் யார் மாடும் அரிசியும் கொண்டுவந்து விற்பார்கள்? தஞ்சைக் குதிரைவீரர்கள் மிச்சமிருந்த வழிகளையும் அடைத்தார்கள்.

முற்றுகை நடந்தது ஆடி மாதத்தில். காவிரியில் புதுவெள்ளம் வரும் பருவம். டெல்டாவில் வாய்க்கால் தாண்டாமல் ஒரு மைல் போகமுடியாது. பீரங்கிச் சக்கரத்துக்கு வயல் சேறு எமன். கோட்டைச் சுவரில் பிளவு விழுந்த நேரத்தில் ஆளுக்கு 20 தோட்டா அளவில்தான் மிச்சம் இருந்தது. உணவு இரண்டு நாளைக்கு. அப்போதுதான் ஆங்கிலக் கப்பற்படை பிரெஞ்சுக் கப்பல்களை ஆகஸ்ட் 3-ல் தோற்கடித்து, காரைக்காலுக்கு எதிரே நிற்கிறது என்ற செய்தி வந்தது. ஆகஸ்ட் 10-ல் லாலி பின்வாங்கினார். தஞ்சைத் தளபதி மானோஜியின் ஆட்கள் துரத்தி வந்தார்கள். பசியோடு காரைக்கால் வந்து சேர்ந்த படை, ஆற்று முகத்துவாரத்தில் ஆங்கிலக் கப்பல்களைத்தான் கண்டது. 1760 ஜனவரி 22-ல் வந்தவாசியில் தோல்வி, ஏப்ரலில் காரைக்கால் போயிற்று, 1761 ஜனவரியில் புதுச்சேரியும் வீழ்ந்தது. 1766-ல் பாரீஸில் லாலியின் தலை வெட்டப்பட்டது.

பெட்டியில் வராத பொம்மைகள்

கடையில் விற்கும் பெட்டிகளில் துப்பாக்கி வீரன், பீரங்கி, குதிரை, தளபதி எல்லாம் வரும். தஞ்சைப் போரைத் தீர்மானித்தவர்கள் அவற்றில் பெரும்பாலும் வருவதில்லை: வண்டிமாடு, மாட்டை ஓட்டியவர், சுமை தூக்கிய கூலி, நெல் குத்தும் பெண்.

புதுச்சேரியில் லாலி வண்டி இழுக்கவும் சுமை தூக்கவும் ஊராரைச் சாதி பார்க்காமல் கட்டாயமாகப் பிடித்தார். சமத்துவ எண்ணத்தால் அல்ல, மாடு இல்லாததால். ஊரின் வெறுப்பை அவர் சம்பாதித்தது அப்படித்தான். 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை அந்தக் காலப் புதுச்சேரியின் அரிசி, பணம், பேரம் எல்லாவற்றையும் பதிவுசெய்தவர். தளபதிகளின் கடிதங்களைவிட ஒரு படை எதனால் நகர்கிறது என்பதை அந்த நாட்குறிப்பு நன்றாகச் சொல்கிறது.

ஆகவே தஞ்சைப் படையெடுப்பை ஆடுபவர்கள் விதிகளில் இரண்டைச் சேர்த்துக்கொள்ளலாம். ஒன்று: ஒவ்வொரு பீரங்கிக்கும் மாட்டு வண்டி கட்டாயம், வண்டி இல்லையேல் பீரங்கி நகராது. இரண்டு: பிரெஞ்சுப் பக்கம் ஒரு ஊரைக் கொள்ளையிட்டால் உடனே பணம் கிடைக்கும்; ஆனால் அடுத்த இரண்டு ஊர்களில் உணவு கிடைக்காது. இந்த இரண்டு விதியோடு ஆடினால், லாலி எதற்காகத் தோற்றார் என்பதைப் புத்தகம் படிக்காதவரும் ஒரு மாலையில் புரிந்துகொள்வார்.

இந்தப் பொம்மைகளுக்கு வெளிநாட்டைத் தேடவேண்டியதில்லை. நவராத்திரிக் கொலுவில் சந்தை, கல்யாண ஊர்வலம், மாட்டு வண்டி, நெல் குத்தும் பெண் என்று செட்டுகளாக வைக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் எப்போதோ வந்துவிட்டது. அதே களிமண்ணைச் சிறிய அளவில் பிடித்தால் போதும். வயலுக்குப் பச்சைத் துணி, வாய்க்காலுக்கு நீலக் காகிதம். அரசலாறும் நாட்டாறும் எப்படி வளைகின்றன என்பது அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரவேண்டியதில்லை.

முதல் படை என்பது 47 வீரர்களோடு முடிந்துவிடும். ஆனால் 48-ஆவது பொம்மையாக ஒரு மாட்டு வண்டியைச் செய்பவர்தான் வரலாற்றைச் சரியாகப் படித்தவர்.