வாதவூரார் குதிரை லாயமும் வாசல்ல தொங்குற ஷட்டரும்

திருவாதவூர்னு சொன்னா நம்ம மக்களுக்கு ரெண்டு பேர் ஞாபகம் வருவாங்க. ஒருத்தர் கபிலர், இன்னொருத்தர் மாணிக்கவாசகர். பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் போன வாதவூரார், பணத்தைத் திருப்பெருந்துறைக் கோயிலுக்குச் செலவு பண்ணிட்டார். அப்புறம் நரியெல்லாம் பரியாகி மதுரைக்கு வந்து அரண்மனை லாயத்துல நின்னுச்சு. ராத்திரியே திரும்ப நரியாகி, கூட நின்ன பழைய குதிரைகளையும் கடிச்சுப் போட்டுட்டு ஓடிருச்சு. லாயம்ங்கறது அந்தக் கால கார் ஷெட்தானே! அந்தக் கணக்குல, மதுரையோட முதல் கராஜ் பாதுகாப்புக் குளறுபடி இதுதான்னு சொல்லிக்கலாம் :-)

விளையாட்டு இருக்கட்டும். வாகனம் நிறுத்துற இடத்துக் கதவு எப்படி வந்துச்சு, அதுக்குள்ள உயிர் காக்குற சமாச்சாரம் எப்பச் சேர்ந்துச்சுங்கறதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

விழுறதுக்குன்னே செஞ்ச கதவு

சிலப்பதிகாரம் அடைக்கலக் காதையில, மாதரி கண்ணகியைக் கூட்டிக்கிட்டுப் போற இடத்துல மதுரைக் கோட்டை மதில்ல இருந்த பொறிகளோட பட்டியல் ஒண்ணு வரும். அதுல ஒரு பேரு சீப்பு. தலை சீவுறது இல்லீங்க. கதவுக்கு வலு சேர்க்க, உள்வாசல்படியில தரையில இறங்குற மாதிரி விடுற மரம்னு உரைகாரங்க சொல்றாங்க. எதிரியைத் தடுக்கணும், அவ்வளவுதான் அதோட வேலை. இறங்குறப்போ கீழ யார் நிக்கிறாங்கங்கற கவலையெல்லாம் அதுக்குக் கிடையாது.

தானா திறக்கிற கதவுக்கும் நம்மகிட்ட கதை இருக்கு. திருமறைக்காட்டுல, அதாவது இப்போதைய வேதாரண்யத்துல, அப்பர் பதிகம் பாடிக் கதவைத் திறந்தார், சம்பந்தர் பாடி மூடினார். திறக்கத்தான் நேரமாச்சு, மூடுறது முதல் பாட்டுலயே முடிஞ்சுபோச்சு. இன்னைக்கும் அதே கதைதான். கதவைத் தூக்குறதுதான் கஷ்டம், இறங்குறதுக்கு அதோட கனமே போதும். ஆபத்து பூரா அந்த இறக்கத்துலதான் இருக்கு.

அலெக்சாண்ட்ரியாவுல முதல் நூற்றாண்டுல ஹீரோன்னு ஒரு பொறியாளர் இருந்தார். பலிபீடத்துல தீ மூட்டினா காத்து சூடாகி விரியும், அது தண்ணியை ஒரு வாளிக்குள்ள தள்ளும், வாளி கனத்து கயித்தை இழுக்க, கோயில் கதவு திறக்கும். தீ அணைஞ்சா மூடிக்கும். நம்ம ஊர் ஏத்தத்துல கிணத்து வாளிக்கு எதிரா துலாவோட மறு முனையில கனம் வைக்கிறோமே, அதே எடைக்கு எடை கணக்குதான். இன்னைக்கு ஷட்டர்ல அந்த எதிர் எடையோட வேலையைச் செய்யறது ஸ்பிரிங்.

அமெரிக்காவுல நடந்த கதை

1921ல சி.ஜி.ஜான்சன்ங்கறவர், மேல தூக்கிக் கூரைக்கு அடியில மடங்கிப் போற கராஜ் கதவைக் கண்டுபிடிச்சார். அதோட ஒரு சின்ன மாதிரியை ஃபோர்டு மாடல் டி கார் பின்னாடி மாட்டிக்கிட்டு ஊர் ஊராப் போய் ஆர்டர் பிடிச்சாராம். 1926ல அதுக்கு மின் மோட்டார் வந்துச்சு. ரெண்டாம் உலகப் போருக்கப்புறம் ரேடியோ ரிமோட்டும் சேர்ந்துச்சு. கார்ல இருந்து இறங்காமலே வீட்டுக்குள்ள போகலாம். சொகுசுதான்.

ஆனா இந்தச் சொகுசுல ஒரு ஓட்டை இருந்துச்சு. கதவு கண்ணு தெரியாத மிருகம் மாதிரி. பட்டனை அழுத்திட்டு, கதவு இறங்குறதுக்குள்ள அடியில புகுந்து ஓடுறதைப் பிள்ளைங்க ஒரு விளையாட்டாவே ஆக்கிட்டாங்க. பழைய மோட்டார்கள்ல சிலது எதுலயாவது இடிச்சா நிக்கும், திரும்ப மேல போகாது. இந்த இடத்தைக் கொஞ்சம் நிறுத்திப் படிங்க. நின்னுட்டா போதும்னுதானே தோணும்? போதாது. நின்ன கதவு பிள்ளையோட நெஞ்சு மேலதான் நிக்குது. மூச்சு விட முடியாது. அதனாலதான் நிறுத்தறது பாதுகாப்பு இல்லை, பின்வாங்கறதுதான் பாதுகாப்புங்கற முடிவுக்கு வந்தாங்க.

அந்த நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் பிற்பாடு வெளியிட்ட எச்சரிக்கைக் குறிப்புல ஒரு கணக்கு வருது. 1982 மார்ச்லேருந்து 2 வயசுக்கும் 14 வயசுக்கும் இடைப்பட்ட சுமார் 60 பிள்ளைங்க, வருஷத்துக்கு ஏறக்குறைய 4 பேர், இந்தக் கதவுகளுக்கு அடியில சிக்கிச் செத்துப் போயிருக்காங்க.

1990ல சட்டம் வந்துச்சு. 1993 ஜனவரி 1க்கு அப்புறம் அங்க தயாராகுற வீட்டு கராஜ் மோட்டார்ல, இடிச்சா ரெண்டு விநாடிக்குள்ள கதவு திரும்ப மேல போகணும். அது பத்தாதுன்னு இன்னொரு காவலும் வேணும். பெரும்பாலும் அது மின்கண். வாசலோட ரெண்டு பக்கமும், தரையிலேருந்து 6 அங்குலத்துக்கு மேல போகாத உயரத்துல ரெண்டு சின்னப் பெட்டி. நடுவுல ஓடுற கண்ணுக்குத் தெரியாத கதிரை எதாவது மறிச்சா இறங்குற கதவு திரும்பிரும். ஏன் அவ்வளவு தாழ்வா? தவழுற பிள்ளையும் தரையில விழுந்து கிடக்கிற பிள்ளையும் அந்த உயரத்துலதான் இருக்கும்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம்

நம்ம பக்கம் கராஜ்ங்கற வார்த்தையே கம்மி. கார் ஷெட், போர்டிகோ, அப்புறம் கடைங்களுக்கு ஷட்டர். மதுரையைச் சுத்தி எந்தக் கடைத்தெருவுல நின்னாலும் காலையில முதல் சத்தம் ஷட்டர் தூக்குற சத்தந்தான். முன்னெல்லாம் கொக்கிக் கம்பியை வச்சுக் கையால இழுத்து இறக்குவாங்க. இறக்குற ஆளோட கண்ணுதான் அதுக்கு மின்கண். இப்ப ஷட்டருக்கும் வீட்டு கேட்டுக்கும் மோட்டார் வந்துருச்சு, ரிமோட் வந்துருச்சு. ஆளோட கண்ணு போயிருச்சு. அதுக்குப் பதிலா வேற கண்ணு வச்சோமாங்கறதுதான் கேள்வி.

லிஃப்டைப் பாருங்க. 1854ல நியூயார்க் கண்காட்சியில எலிஷா ஓடிஸ், தான் நின்ன மேடையோட கயித்தையே அறுக்கச் சொல்லி, விழாம நின்னு காட்டினார். தமிழ்நாட்டுல லிஃப்டுக்குன்னு 1997லயே சட்டம் வந்தாச்சு, உரிமம் வாங்கணும். வீட்டு கேட்டை வந்து பாக்க எந்த அதிகாரி வர்றார்? இரும்புப் பட்டறையில அடிச்சு, சுவத்துல மாட்டிட்டுப் போயிடறாங்க. அதுக்கப்புறம் பெயிண்ட் அடிக்கும்போதுதான் அது இருக்கிறதே ஞாபகம் வரும்.

2024 ஜூலை கடைசியில புனே பக்கம் பிம்ப்ரி சிஞ்ச்வட்டுல, தெருவுல விளையாடிக்கிட்டிருந்த சின்னப் பொண்ணு மேல ஒரு வீட்டோட தள்ளு கேட் அப்படியே சரிஞ்சு விழுந்துச்சு. பிள்ளை போயிருச்சு. சிசிடிவி காட்சியைப் பலரும் பாத்திருப்பீங்க. அதுல மோட்டாரும் இல்லை, ரிமோட்டும் இல்லை. பாதை விட்டு விலகுற கேட்டைத் தாங்கிப் பிடிக்க எதுவும் இல்லை, அவ்வளவுதான்.

மாசம் ஒரு தடவை, பத்து நிமிஷம்

வரலாறு படிச்சு என்ன பண்ணன்னு கேக்குறவங்களுக்கு. இதெல்லாம் அந்தப் பிள்ளைங்க உயிரைக் கொடுத்துக் கத்துக்கிட்ட பாடம்.

மோட்டார் கதவா இருந்தா, ஒன்றரை அங்குலக் கனமுள்ள மரக்கட்டையைப் படுக்க வச்சுக் கதவை இறக்கிப் பாருங்க. தொட்ட ரெண்டு விநாடிக்குள்ள மேல போகணும். போகலைன்னா மெக்கானிக் வர்ற வரைக்கும் மோட்டாரைத் தொடாதீங்க. மின்கண் இருந்தா, இறங்குறப்போ ஒரு தொடப்பத்தைக் குறுக்க நீட்டிப் பாருங்க. சிலந்தி வலை, தூசி, சைக்கிள் இடிச்சுக் கோணினது, இதெல்லாம் மின்கண்ணுக்கு ஆகாது. தொல்லை கொடுக்குதுன்னு சிலர் ரெண்டு பெட்டியையும் கழட்டி ஒண்ணையொண்ணு பாத்த மாதிரி மேல கட்டி வச்சிடறாங்க. வேலை செய்யும்தான். ஆனா கதவு திரும்பவும் குருடாயிரும்.

மேல மடங்குற கதவா இருந்தா, மோட்டாரை விடுவிச்சுட்டுக் கையால பாதி வரைக்கும் தூக்கி விடுங்க. அங்கயே நின்னா ஸ்பிரிங் நல்லா இருக்கு. சர்ருனு இறங்கினா இல்லை. இந்தக் கதவோட ஸ்பிரிங் சாதாரணமா 10,000 தடவை ஏறி இறங்குற கணக்குல செய்யறது. தினம் நாலு தடவைன்னா கிட்டத்தட்ட ஏழு வருஷம். அதுக்கப்புறம் எப்ப அறுந்தாலும் ஆச்சரியமில்லை. முறுக்கி வச்ச ஸ்பிரிங்கை நாமளே ஸ்பேனர் போட்டுக் கழட்டுற வீரம் மட்டும் வேணாம், கை போயிரும்.

தள்ளு கேட்டா இருந்தா, ரெண்டு முனையிலயும் ஸ்டாப்பர் இருக்கா, அது பத்து வச்ச இடம் துரு பிடிச்சிருக்கா, மேல பிடிச்சிருக்கிற ரோலர் ஆடுதா, இந்த மூணையும் பாத்தா போதும். சுவிட்சை அஞ்சடிக்கு மேல, கதவு கண்ணுல படுற இடத்துல வைங்க. ரிமோட்டைப் பிள்ளைங்க கையில விளையாட்டுச் சாமானா கொடுக்காதீங்க. கரண்ட் போனா கையால திறக்கிற வழி என்னன்னு வீட்டுல இருக்கிற பெரியவங்களுக்கும் சொல்லிக் கொடுங்க. மகன் சிங்கப்பூர்ல இருப்பார், அந்த வழி தெரிஞ்ச ஒரே ஆளும் அவராத்தான் இருப்பார்!

கோட்டைக் கதவு எதிரியை நினைச்சுச் செஞ்சது. வீட்டுக் கதவை நம்ம பிள்ளையை நினைச்சுச் செய்யணும். ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசம் ஒரு ரோலரும், ஒரு ஸ்டாப்பரும், மாசத்துல பத்து நிமிஷமும்தான்.

டிஸ்கி: நரி பரியான கதையை நான் கிண்டல் பண்றேன்னு வாதவூர்க்காரங்க யாரும் கோவிச்சுக்காதீங்க. அந்த லாயத்துக்கு மின்கண் இருந்திருந்தாலும் நரி தாண்டிக் குதிச்சு ஓடியிருக்கும்! :-)