தகரத் துண்டு முதல் வீசா வரை: மாத்தளைக்கு வந்த வழியின் வரலாறு

காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் ஏற்றவும் இறக்கவும் பட்ட பண்டங்களுக்குச் சோழ அரசின் அலுவலர் சுங்கம் கொண்டு புலிப்பொறி இட்டனர் என்பது பட்டினப்பாலையால் அறியக்கிடக்கின்றது. அவர்கள் பொறி இட்டவை பண்டங்களே; மாந்தரை நிறுத்திப் பொறி இட்டதாக அந்நூல் கூறவில்லை. ஒரு நாட்டின் எல்லையில் அலுவலர் ஒருவர் அமர்ந்து, வருவோனை நோக்கி, “நீ யார்? எதன்பொருட்டு வந்தாய்? எத்தனை நாள் தங்குவாய்?” என்று வினவும் வழக்கம் உலக வரலாற்றில் அண்மைக் காலத்தது. இன்று முறைப்படி பெற்ற வருகை வீசாவைக் கையில் ஏந்தி வருவோனும் அவ்வலுவலர் முன்னே ஓரச்சத்துடனேயே நிற்கின்றான். வீசா என்பது வாயிலை அணுகுதற்குரிய இசைவேயன்றி, வாயிலைக் கடத்தற்குரிய உறுதி அன்று என்பதே அவ்வச்சத்திற்குக் காரணம்.

இவ்வழக்கம் எவ்வாறு தோன்றி வளர்ந்தது என்பதை அறிதற்கு மாத்தளை மாவட்டத்தை ஒத்த இடம் அரிது. கடல் கடந்து வந்த தோட்டத் தொழிலாளர் மலைநாட்டிற் புகுந்த தலைவாயில் மாத்தளையே. அவர்தம் வருகையைப் பற்றிய நூல்கள் பல. ஆனால் அவர்தம் போக்குவரவை, அதாவது ஊருக்குப் போய்த் திரும்பி வருதலை, அரசுகள் எக்கண்கொண்டு நோக்கின என்பது தனித்து ஆராயத்தக்கது.

திறந்த வழி

1820-களில் கம்பளைப் பகுதியில் தொடங்கிய கோப்பிச் செய்கை, 1840-களில் கண்டி, மாத்தளை மலைகளெங்கும் விரைந்து பரவிற்று. கோப்பிப் பழம் பறிக்கும் பருவத்திலேயே ஆள் மிகுதியாக வேண்டப்பட்டமையால், இராமநாதபுரம், மதுரை, திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை முதலிய இடங்களிலிருந்து மக்கள் கங்காணிகளின் கீழ்த் திரள் திரளாக வந்தனர். பருவம் முடிந்ததும் பலர் ஊர் திரும்பினர். தோணியில் மன்னார்க் கரையை அடைந்து, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தை வழியாக ஏறத்தாழ 150 மைல் கால்நடையாக வந்து மாத்தளையை எய்துவது அவர்தம் வழி. வடபாதை என்று வழங்கியது இதுவே.

அப்பாதையில் அவர்களைத் தடுத்து வினவும் குடிவரவு அலுவலர் எவரும் இலர். இந்திய அரசு 1839-இல் கூலியாட்களின் வெளியேற்றத்தைத் தடைசெய்தது. 1847-இல் இலங்கைக்கு மட்டும் அத்தடையை நீக்கிற்று. எனவே அவர்களிடம் சீட்டில்லை, கேட்பாருமில்லை. ஆனால் நீரின்மை, பசி, காய்ச்சல், வாந்திபேதி ஆகியன அப்பாதையைக் காத்து நின்றன. 1840-களில் மாண்டோர் தொகையை 70,000 என 1849-இற் கொழும்பு ஒப்சேவர் பத்திரிகை மதிப்பிட்டது. அத்தொகை மிகையென்று பிற்கால ஆய்வாளர் சிலர் மறுத்துள்ளனர். எனினும் வடபாதையின் ஓரங்கள் இடுகாடாயின என்பதை எவரும் மறுத்திலர். திறந்த வாயில் என்பது அன்புடைய வாயில் என்று பொருள்படாது. வருவோர் உழைப்பு வேண்டப்பட்டது. அவர் உயிர் எண்ணப்படவில்லை.

மண்டபத்து வாயில்

1890-களின் இறுதியில் இந்தியாவிற் பரவிய கொள்ளைநோய் இந்நிலையை மாற்றிற்று. நோய் புகாதிருத்தற்பொருட்டு வடபாதை மூடப்பட்டது. 1904-இல் தோட்ட முதலாளிகளின் முயற்சியால் திருச்சிராப்பள்ளியைத் தலைமையிடமாகக் கொண்டு இலங்கைத் தொழிலாளர் ஆணையகம் நிறுவப்பெற்றது. 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற் சேவை தொடங்கியது. புகைவண்டியும் கப்பலும் இணைந்த அவ்வழியைத் தமிழ்மக்கள் ‘போட் மெயில்’ என்றே அழைத்தனர். மாத்தளைக்கு இருப்புப்பாதை 1880-இலேயே வந்துவிட்டமையால், நடந்து வந்தோரின் மக்கள் இப்போது வண்டியேறி வந்தனர்.

இவ்வழியின் கதவாக அமைந்தது மண்டபம் முகாம். அஃது இந்திய மண்ணில் இருந்தது. ஆயின் அதனை நடத்தியது இலங்கை அரசு. ஒரு நாட்டின் வாயில் மற்றொரு நாட்டின் நிலத்தில் அமைந்த இவ்விந்தை எண்ணத்தக்கது. அங்கே தொழிலாளர் சில நாள் தங்கவைக்கப்பட்டனர், அம்மைப்பால் குத்தப்பட்டனர், அவர்தம் உடைகள் நோய்நீக்கஞ் செய்யப்பட்டன. தோட்டத்தின் எண் பொறித்த தகரத் துண்டு ஒவ்வொருவருக்கும் அளிக்கப்பட்டது. அத்துண்டைக் கண்ட அலுவலர் வழிச்செலவை அத்தோட்டத்தின் கணக்கில் எழுதி ஆளை அனுப்பினர். பண்டைத் துறைமுகத்திற் பண்டத்திற்கு இட்ட பொறி ஈண்டு மனிதன் கழுத்தில் ஏறிற்று எனல் மிகையாகாது. அத்துண்டு, தாங்கியவனின் பெயரைக் கூறவில்லை. அவன் எத்தோட்டத்திற்கு உரியவன் என்பதையே கூறிற்று.

தோட்டத்தினுள்ளும் மற்றொரு துண்டு இருந்தது. கடனைத் தீர்த்தால் ஆளை விடுவிப்பதாகத் துரை எழுதிக்கொடுக்கும் கடதாசி அது. 1921-இல் சட்டத்தால் அது ஒழிக்கப்பட்டது. மறு ஆண்டில் இயற்றப்பட்ட இந்தியக் குடியகல்வுச் சட்டம் வெளியேறுவோர் நலனைக் கண்காணிக்க அலுவலரை ஏற்படுத்திற்று. ஆக, மண்டபத்து அலுவலர் சோதித்தது பெரும்பாலும் உடலையும் தோட்டத்தின் எண்ணையுமே. பிறப்பையும் குடியுரிமையையும் அன்று.

உலகம் மூடிய கதவுகள்

தலைமன்னார்க் கப்பல் தொடங்கிய அதே 1914-இல் கனடாவின் வன்கூவர்த் துறைமுகத்தில் கோமகட்டா மாரு என்னும் கப்பல் இரண்டு திங்கள் நிறுத்தப்பட்டது. அதில் வந்த 376 இந்தியருள் மிகச் சிலரே இறங்க விடப்பட்டனர். பிறந்த நாட்டிலிருந்து இடைநிற்காத நேர்ப்பயணமாக வருவோரே நுழையலாம் என்னும் விதி அவர்கள்மேற் பாய்ந்தது. அவர்களும் அதே பிரித்தானியப் பேரரசின் குடிகளே. முதல் உலகப் போரின்பின் 1920-இற் பாரிசிற் கூடிய மாநாடு கடவுச்சீட்டின் வடிவை வரையறுத்தது. போர்க்கால ஏற்பாடாக வந்த கடவுச்சீட்டு நிலைபெற்றுவிட்டது.

இலங்கையிலும் வாயிலைப் பற்றிய வழக்கொன்று எழுந்தது. 1936-இல் வந்த அவுஸ்திரேலிய இளைஞர் பிரேஸ்கேர்டில் மாத்தளைக்கு அயலான மடுல்கலையில் ரெலுகாஸ் தோட்டத்திலே தொழில் பயின்றவர். தோட்டத் தொழிலாளர் சார்பாக மேடையேறிப் பேசியமையால், 1937 ஏப்பிரலில் அவரை நாடுகடத்துமாறு தேசாதிபதி ஸ்டப்ஸ் கட்டளையிட்டார். பிரதம நீதியரசர் சேர் சிட்னி ஏப்ரகாம்ஸ் தலைமையிலான உயர் நீதிமன்றம் மே 18-இல் அக்கட்டளை செல்லாதெனத் தீர்த்தது. நெருக்கடிக் காலத்திற்கென அளிக்கப்பட்ட அதிகாரத்தை அமைதிக் காலத்திற் பேச்சுரிமைக்கு எதிராக ஏவலாகாது என்பதே தீர்ப்பின் சாரம். அவர் வெள்ளையர், அவருக்காக எச். வி. பெரேரா போன்ற பெருவழக்கறிஞர் ஊதியமின்றி வாதாடினார். அவர் எவர்பொருட்டுப் பேசினாரோ அத்தொழிலாளர் வாயிலில் நிறுத்தப்பட்ட காலத்தில் அவர்க்கு அத்தகைய துணை வாய்க்கவில்லை.

போய்வருதல் குற்றமான காலம்

1939-இல் இலங்கை அரசு தன் திணைக்களங்களில் நாட்கூலி பெற்ற இந்தியரை நீக்கியது. அதற்கு எதிராக இந்திய அரசு அவ்வாண்டு ஓகஸ்ட் முதலாம் நாள் தொழிலாளர் இலங்கை செல்வதைத் தடைசெய்தது. ஒரு நூற்றாண்டு காலம் திறந்திருந்த வழி இரு புறத்தும் அடைபடத் தொடங்கிற்று.

சுதந்திரத்தின்பின் மூன்று சட்டங்கள் அடுத்தடுத்து வந்தன: 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், அவ்வாண்டின் 20-ஆம் இலக்கக் குடிவரவு குடியகல்வுச் சட்டம், 1949-ஆம் ஆண்டின் 3-ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானியர் பிரசாவுரிமைச் சட்டம். இவற்றுள் இரண்டாவது 1949 நவம்பர் முதலாம் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் மாத்தளைத் தோட்டமொன்றில் வாழ்ந்தவனின் தமையனோ தாயோ அவனைப் பார்க்க வருவதாயின், கடவுச்சீட்டும் வீசாவும் வேண்டியிருந்தன. வீசா பெற்று வந்தவரையும், தம்மைத் தாங்கும் பொருளில்லாதவர் என்றோ நோயுற்றவர் என்றோ கண்டால், துறைமுக அலுவலர் திருப்பியனுப்பலாம் எனச் சட்டம் இடந்தந்தது. வறுமையே ஒரு தடைக்காரணமாயிற்று. வறியவரையே தேடி அழைத்த வழியில் இது நேர்ந்தது.

மூன்றாம் சட்டம் இன்னும் நுணுக்கமானது. பிரசாவுரிமை கோருவோர் 1946 சனவரி முதலாம் நாளுக்கு முன், மணமானவராயின் 7 ஆண்டும் அல்லாதோர் 10 ஆண்டும் இலங்கையில் தொடர்ந்து வசித்தமையைக் காட்டல் வேண்டும். ஒருமுறை 12 மாதத்திற்கு மேல் வெளியே தங்கியிருப்பின் அத்தொடர்ச்சி அறுந்தது. மனைவி மக்களின் வசிப்பும் ஆராயப்பட்டது. தாய்வீட்டிற்குப் பிள்ளைப்பேற்றுக்குச் சென்று நோயினாற் பிந்தியவளும், நிலவழக்கின்பொருட்டு ஊரில் தங்கியவனும் இவ்விதியின் வாய்ப்பட்டனர். கனடாவில் ‘தொடர்ந்த பயணம்’ கேட்கப்பட்டது. இலங்கையில் ‘தொடர்ந்த வசிப்பு’ கேட்கப்பட்டது. எவர்க்கு எளிதில் இயலாதோ அவரையே தொடர்ச்சி என்னும் சொல் கொண்டு விலக்குதல் இரண்டிற்கும் பொதுவாயிற்று. ஏறத்தாழ 2,37,000 விண்ணப்பங்கள் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோரைக் குறித்துச் செய்யப்பட்டன. அவருட் பிரசாவுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரே.

1954 சனவரியில் நேருவும் சேர் ஜோன் கொத்தலாவலையும் செய்த உடன்படிக்கை வேறோர் அளவுகோலை வகுத்தது. வயதுவந்தோர் அனைவரையும் பதிந்த பின், பதிவில் இல்லாதவர் ஒருவரின் தாய்மொழி இந்திய மொழியாயின், அவரைக் கள்ளமாகக் குடிவந்தவர் எனக் கொள்ளலாம் என்பது அதில் ஒரு வாசகம். மண்டபத்தில் உடலைச் சோதித்தனர். 1949-இற் கடதாசியைச் சோதித்தனர். இப்போது நாவே சான்றாகக் கொள்ளப்படுவதாயிற்று. ‘கள்ளத்தோணி’ என்னும் இழிசொல், சீட்டில்லாது வந்தவனையும், மூன்று தலைமுறைக்கு முன் அழைக்கப்பட்டு வந்தவனின் பேரனையும் வேறுபாடின்றிச் சுட்டியமைக்கு இம்மனப்பாங்கே அடிப்படை.

நடுநிலையில் நோக்கின்

எல்லையைக் காத்தல் எந்த அரசுக்கும் உரிய கடமையே. கண்டிப் பகுதிச் சிங்களக் குடியானவர் தம்மூர்ச் சூழலிலுள்ள நிலங்கள் தோட்டங்களாகக் கைமாறியதைக் கண்டவர்கள். தேர்தலில் தம் குரல் அமிழ்ந்துபோம் என அஞ்சியவர்கள். பாக்கு நீரிணை வழியே சீட்டின்றி வந்தோரும் உண்மையில் இருந்தனர். இவற்றை மறைத்தல் வரலாற்றாசிரியனுக்குத் தகாது. ஆயின் அவ்வச்சத்திற்கு விடையாக வகுக்கப்பட்ட அளவுகோல் பிழையானது. ஊருக்குப் போய்வருதல் இந்நாட்டின்மேற் பற்றின்மைக்குச் சான்றாகக் கொள்ளப்பட்டது. இலங்கையில் வாழ்ந்த ஐரோப்பியத் துரைமாரும் விடுமுறைக்குத் தம் நாடு சென்று திரும்பினர். அவர்க்கு விடுமுறையாயிருந்தது தொழிலாளிக்கு வசிப்பு முறிவாயிற்று.

திரும்பிய வழி

1964 ஒக்டோபர் 30-இற் செய்யப்பட்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் நாடற்றோர் 9,75,000 பேரைப் பங்கிட்டது: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, எஞ்சிய 1,50,000 பேர் 1974-இற் செம்பாதியாகப் பிரிக்கப்பட்டனர். ஒப்பந்தமான இரண்டு மாதத்துள் டிசெம்பர்ப் புயலால் தனுஷ்கோடி அழிந்தது. எனவே பின்னர்ச் சென்றோர் தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்திற் கரையேறினர். அவர்களை ஏற்றிச்சென்ற புகைவண்டியை மலையக மக்கள் ‘அழுகைக் கோச்சி’ என்றனர். வந்தோரைச் சோதித்த மண்டபம் முகாமே திரும்பினோர்க்கும் தங்குமிடமாயிற்று. 1983-இன் பின் போருக்குத் தப்பிய ஏதிலிகளும் அங்கேயே தங்கினர். 1984-இல் கப்பற் சேவையும் நின்றது. எஞ்சியோரின் நாடற்ற நிலை 1988, 2003 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களாற் படிப்படியாக நீக்கப்பட்டது.

2023 யூலை 28-இல் தலைமன்னாரிலிருந்து புறப்பட்ட நடைபவனி, முன்னோர் வந்த வழியைப் பின்பற்றி, ஓகஸ்ட் 12-இல் மாத்தளையை அடைந்தது. மலையக மக்களின் 200 ஆண்டு வாழ்வை நினைவுகூர்ந்த அந்நடையின் முடிவிடமாக மாத்தளை அமைந்தது பொருத்தமே.

இவ்வரலாற்றாற் பெறப்படும் உண்மை ஒன்றுண்டு. வாயிலில் நிற்பவன் கையில் உள்ள சீட்டைக் காட்டிலும், வாயிலைக் காப்பவன் மனத்தில் உள்ள அளவுகோலே பெரிது. ஆகவே அவ்வளவுகோல் எழுத்தில் அமைதல் வேண்டும். மறுத்தவிடத்துக் காரணம் கூறப்படல் வேண்டும். அக்காரணத்தை நீதிமன்றம் ஆராய இடம் வேண்டும். 1937-ஆம் ஆண்டுத் தீர்ப்பு கற்பித்த இப்பாடம் வல்லார்க்கும் மெல்லார்க்கும் ஒப்பவே பொருந்துதல் நாகரிக அரசின் இலக்கணம்.

மாணவர்க்கும் இதில் ஒரு கடன் உண்டு. மாத்தளை, உக்குவளை, இறத்தோட்டை, எல்கடுவைப் பகுதிகளின் வீடுகளில் தகரப்பெட்டிகளினடியிற் கிடக்கும் பழைய பிறப்புப் பதிவுகளும், தோட்டத்துத் துண்டுகளும், காலாவதியான கடவுச்சீட்டுகளும் வெறுந்தாள்கள் அல்ல. ஒருகாலத்தில் அவற்றுள் ஒன்று இல்லாமையால் ஒரு குடும்பம் இரு நாட்டிற் பிரிந்தது. அவற்றைப் பேணிப் படியெடுத்து, உரியவரிடம் கேட்டு வரலாற்றைக் குறித்து வைத்தல் இத்தலைமுறை செய்யத்தக்க பணியாகும். கேட்டுச் சொல்லத்தக்க முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர்.