60 நொடி அவகாசம்

கணினி தானாக நின்று, தானாகவே மறுபடி கிளம்பினால் நம்மூரில் முதலில் சந்தேகப்படுவது மின்சாரத்தைத்தான். அடுத்து உள்ளே சேர்ந்த தூசி, சுற்றாத விசிறி, வீங்கிப்போன கெபாசிட்டர். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். ஆனால் 2003 ஆகஸ்டில் உலகமெங்கும் வீட்டுக் கணினிகள் இந்த ஆட்டம் போட்டதற்குக் காரணம் வேறு: 'பிளாஸ்டர்' என்ற புழு.

வைரஸ் என்றால் நாம் மின்னஞ்சலைத் திறக்க வேண்டும், பிளாப்பியைச் செருக வேண்டும். இதற்கு அதெல்லாம் வேண்டாம். இணையத்தில் இருந்தாலே போதும், வாசல் தேடி வந்துவிடும். விண்டோஸில் ஆர்.பி.சி. என்று ஒரு சேவை உண்டு. ஒரு கணினி இன்னொன்றிடம் வேலை சொல்லும் வழி அது. அதில் ஓர் ஓட்டை இருப்பதைப் போலந்து நாட்டுக் குழு ஒன்று கண்டுபிடித்தது. ஜூலை 16 அன்று மைக்ரோசாப்ட் திருத்தமும் வெளியிட்டது. யார் வீட்டில் அதையெல்லாம் கவனித்தார்கள்? ஆகஸ்டு 11-இல் புழு கிளம்பிவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், கணினியை நிறுத்துவது புழுவின் நோக்கமே அல்ல. சத்தமில்லாமல் குடியேறிப் பரவ வேண்டும், அவ்வளவுதான். எதிரே இருப்பது எக்ஸ்பியா, விண்டோஸ் 2000-ஆ என்று அதற்குத் தெரியாது, குத்துமதிப்பாகத் தாக்கும். ஊகம் தவறினால் ஆர்.பி.சி. செத்து விழும். அது இல்லாமல் எக்ஸ்பி நடக்காது. 60 நொடி அவகாசம் தந்து அறிவிப்புப் போட்டுவிட்டு, தன்னையே மறுபடி கிளப்பிக்கொள்ளும்.

எங்கள் தெருவில் ஒரு சொல்தா அண்ணன் இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர். கணினி, மகன் பிரான்சிலிருந்து கொண்டுவந்தது. பேரப்பிள்ளைகளின் படங்களும் கடிதங்களும் அதில்தான். பார்க்க வந்த மெக்கானிக், பவர் சப்ளையை மாற்றுவோம், அதற்கும் அடங்காவிட்டால் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றுவோம் என்றார். அண்ணன் முகம் வாடிவிட்டது. திரையில் வந்த அறிவிப்பு பிரெஞ்சில் இருந்ததால் மெக்கானிக் அதைப் படிக்கவில்லை. நான் படித்தேன். 'அப்பெல் தெ ப்ரொசெத்யூர்' சேவை எதிர்பாராமல் நின்றுவிட்டது என்றிருந்தது. (ப்ரொசெத்யூர் என்ற சொல்லைக் கண்டால் எந்த குமாஸ்தாவும் நிமிர்ந்து உட்காருவான்.) சூடோ மின்சாரமோ காரணமானால் கணினி பட்டென்று நிற்கும். காரணம் எழுதி, 60 நொடி நோட்டீஸும் கொடுத்துவிட்டா நிற்கும்? அதுவும் இணையத்தில் சேர்ந்த பிறகு மட்டும்?

கம்பியை மோடத்திலிருந்து பிடுங்கித் தொலைபேசியில் மாட்டி, மகனைக் கூப்பிட்டோம். அங்கேயும் இதே கூத்துதான் என்றார். திருத்தம் இருப்பது இணையத்தில். நோய் வருவதும் அதே கம்பியில். டயல்-அப் வேகத்தில் மருந்து இறங்குவதற்குள் 60 நொடி ஓடிவிடும். அவர் படிப்படியாகச் சொன்னார். கட்டளைப் பெட்டியில் 'ஷட்டவுன்', ஓர் இடைவெளி, சிறு கோடு, 'ஏ' என்று அடித்தால் எண்ணிக்கை நிற்கும். பிறகு எக்ஸ்பிக்குள்ளேயே தூங்கிக்கொண்டிருந்த ஃபயர்வாலை எழுப்ப வேண்டும். அதன்பின் இணைந்து திருத்தத்தை இறக்கி, புழுவின் கோப்பை நீக்க வேண்டும். மாலைக்குள் முடிந்தது. ஒரு படம்கூட அழியவில்லை.

ஆகஸ்டு 16 நம் ஊருக்கு வேறு வகையில் முக்கியமான நாள். 1962-இல் பிரான்சு சட்டப்படி நம்மை இந்தியாவிடம் ஒப்படைத்தது அன்றுதான். புழுவுக்கும் அதுவே குறித்த நாள். பிடிபட்ட கணினிகள் எல்லாம் சேர்ந்து, திருத்தம் வழங்கும் மைக்ரோசாப்ட் தளத்தைத் தாக்க வேண்டும் என்பது திட்டம். ஆனால் புழுவில் எழுதியிருந்த முகவரி, உண்மையான தளத்துக்கு வழிகாட்டும் பலகைதான். மைக்ரோசாப்ட் பலகையைக் கழற்றிவிட்டது. தாக்குதல் பிசுபிசுத்தது.

இரண்டு நாள் கழித்து 'வெல்ச்சியா' என்ற இன்னொரு புழு வந்தது. பிளாஸ்டரை நீக்கி, திருத்தத்தைத் தானே இறக்கி நிறுவும் 'நல்ல' புழுவாம்! வீட்டுக்காரனைக் கேட்காமல் உள்ளே வந்து பூட்டு மாற்றுகிறவனை என்னவென்று சொல்வது? அது கிளப்பிய நெரிசலில் பல அலுவலக வலைப்பின்னல்கள் திணறின.

பிளாஸ்டரின் ஒரு திரிபைப் பரப்பிய 18 வயது அமெரிக்க இளைஞனுக்கு 2005-இல் 18 மாதச் சிறை கிடைத்தது. அதற்கு முன்பே, 2004 ஆகஸ்டில் வந்த எக்ஸ்பியின் இரண்டாம் சர்வீஸ் பேக்கிலிருந்து, நாம் கேட்காமலே ஃபயர்வால் விழித்திருக்கத் தொடங்கியது.